கேஷ்பேக்: திரும்பி வரும் பணம் யார் தந்தது?

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



சென்ற வாரம் இஷாவுக்குப் பிறகு நம் மஹல்லா இளைஞர் ஒருவர் சில நூறு ரூபாய்த் தாள்களோடு வந்தார். "ஹஜ்ரத், இதைப் பள்ளி உண்டியலில் போடலாமா?" என்று கேட்டார். உண்டியலில் போட யாரும் அனுமதி கேட்பதில்லை. அதனால் விசாரித்தேன். ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்திருக்கிறார். அவர்கள் சொல்லும் பொருளை ஆன்லைனில் ஆர்டர் போட வேண்டும். பொருள் வந்ததும் ஐந்து ஸ்டார் கொடுத்து, அருமையான பொருள் என்று நாலு வரி எழுத வேண்டும். அதைப் படம் எடுத்து அனுப்பினால் கட்டிய பணம் முழுவதும் திரும்ப வந்துவிடும். பொருளும் இவருக்கே. "எல்லாரும் கேஷ்பேக் வாங்குறாங்க ஹஜ்ரத், இதுவும் கேஷ்பேக்தானே?" என்றார்.

மனசு உறுத்தியதால்தான் அவர் வந்தார். அந்த உறுத்தல் ஈமானின் அடையாளம். அவருக்குச் சொன்ன பதிலை உங்கள் அனைவருக்கும் சொல்கிறேன்.

நம் பெரியவர்கள் சிலர் கேஷ்பேக் என்றாலே ஹராம் என்கிறார்கள். இளைஞர்கள் பலர், கம்பெனிக்காரன் தானாகத்தானே கொடுக்கிறான், எல்லாம் ஹலால் என்கிறார்கள். இரண்டும் சரியல்ல. பெயரைப் பார்த்து மார்க்கச் சட்டம் சொல்ல முடியாது. யார் தருகிறார், எதற்காகத் தருகிறார் என்று பார்க்க வேண்டும்.

நபிகளார் கேட்ட கேள்வி

ஜகாத் வசூலிக்க நபி (ஸல்) அவர்கள் ஒருவரை அனுப்பினார்கள். இப்னுல் லுத்பிய்யா என்பது அவர் பெயர். திரும்பி வந்தவர், இது உங்களுக்குரியது, இது எனக்கு வந்த அன்பளிப்பு என்று பிரித்து வைத்தார். நபிகளார் மிம்பரில் ஏறி, அவர் தன் தாய் தந்தையரின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் கண்டித்தார்கள். புகாரியில் வரும் செய்தி இது.

நமக்கு வரும் ஒவ்வொரு கேஷ்பேக்கையும் இந்தக் கேள்வியில் வைத்துப் பாருங்கள்.

விலையில் குறைப்பது

செஞ்சி கடைத்தெருவில் ஆயிரம் ரூபாய்க்குத் துணி எடுக்கிறோம். கடைக்காரர் ஐம்பது ரூபாய் குறைக்கிறார். அது ஹலால். ஆயிரத்தையும் வாங்கிக்கொண்டு பிறகு ஐம்பதைத் திருப்பித் தந்தாலும் அதேதான். ஆன்லைன் கடை தன் விலையில் தரும் கேஷ்பேக்கும் இப்படித்தான். சில ஆப்கள் வாடிக்கையாளரைக் கடைக்கு அனுப்பிவைத்துத் தரகு பெறுகின்றன, அதில் ஒரு பங்கை நமக்குத் தருகின்றன. பொருளும் ஹலால், வியாபாரமும் நேர்மை என்றால் இதிலும் குற்றமில்லை. ஆனால் ஐம்பது ரூபாய் திரும்ப வருகிறதென்று, தேவையில்லாத பொருளுக்கு ஐந்நூறு கொடுப்பது வீண்விரயம்.

கடனோடு ஒட்டி வருவது

இங்கேதான் எச்சரிக்கை தேவை. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் அபூபுர்தா அவர்களுக்குச் சொன்ன உபதேசம் புகாரியில் இருக்கிறது. உம்மிடம் கடன் வாங்கியவர் ஒரு சுமை வைக்கோலை அன்பளிப்பாகக் கொடுத்தாலும் வாங்காதீர், அது வட்டி என்று எச்சரித்தார்கள். நம் ஊரில் வைக்கோல் கட்டின் மதிப்பு என்ன என்று விவசாயிகளான உங்களுக்குத் தெரியும். அவ்வளவு சின்னப் பொருளைக்கூட அவர்கள் விடவில்லை. எங்களிடம் பணத்தைப் போட்டு வையுங்கள், மாதாமாதம் இவ்வளவு கேஷ்பேக் என்று ஒருவர் சொன்னால் அதற்குப் பெயர் மட்டும்தான் கேஷ்பேக்.

கிரெடிட் கார்டில் கடன் கொடுப்பது வங்கி, சலுகை தருவதும் வங்கி. கடன் கொடுத்தவரே தருவதால் அந்தச் சலுகையை அனுமதிக்கும் உலமாக்கள் உண்டு. ஆனால் கெடு தவறினால் வட்டி என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதால் கார்டே கூடாது என்பவர்களும் உண்டு. ஒரு சதவீதம் திரும்ப வருகிறதென்று அந்த வாசலில் போய் நிற்காமல் இருப்பதே பேணுதல்.

நோ காஸ்ட் இஎம்ஐ என்கிறார்களே, வட்டியில்லாத தவணை? வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. நடப்பது என்ன? வட்டி அளவுக்கு விலையில் கழித்துக் காட்டுகிறார்கள். பிறகு வங்கி அதே தொகையை வட்டியாக வசூலிக்கிறது. அந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கார்டு பில்லை எடுத்துப் பாருங்கள். வட்டியே இல்லையென்றால் வட்டிக்கு வரி எங்கிருந்து வந்தது?

குலுக்கல் பரிசு

கொடுக்க வேண்டிய பணத்தை அனுப்பும்போது தானாக ஒரு ஸ்கிராட்ச் கார்டு வந்தால் நாம் எதையும் பணயம் வைக்கவில்லை, அது சூதாகாது. பரிசுக்காகவே பணம் கட்டிச் சேர்ந்தால் அது சூது. நம் மாநிலத்தில் 1979-லேயே பரிசுத் திட்டத் தடைச் சட்டம் வந்தது. 2003-ல் லாட்டரிச் சீட்டுக்கும் தடை வந்தது. பல ஆன்லைன் போட்டிகளின் விதிகளில் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்று எழுதியிருப்பது அந்தப் பழைய சட்டத்தால்தான். சீட்டு வாங்கி அழிந்த குடும்பங்களை இந்த மண் பார்த்திருக்கிறது.

அந்த இளைஞரின் பணம்

இப்போது அந்தத் தம்பியின் பணத்துக்கு வருவோம். அது விலைக்குறைப்பு அல்ல, அன்பளிப்பும் அல்ல. சாட்சிக்குக் கொடுத்த கூலி. பெரும்பாவங்களைச் சொல்லிவந்த நபி (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சியைச் சொல்லும்போது சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டபோது, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்ல என்றார்கள். ஐந்து ஸ்டார் என்பது குவியலின் மேலே போட்ட காய்ந்த தானியம். அதை நம்பி அவலூர்பேட்டையில் ஒரு தாய், பீடி சுற்றிச் சேர்த்த காசில் ஒரு மிக்ஸி வாங்குகிறார். ஒரே மாதத்தில் அது புகைந்துபோனால், அவர் இழந்த பணத்தில் நமக்குப் பங்கில்லையா? விலைக்கு வாங்கிய விமர்சனங்களை வெளியிடக் கூடாது என்று 2022-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனமே நெறிமுறை வகுத்திருக்கிறது. மஹ்ஷரின் விசாரணை அதைவிடக் கடுமையானது.

அவரிடம் மூன்று விஷயம் சொன்னேன். முதலில் எழுதிய பொய்களை அழியுங்கள். அந்தக் குழுவை விட்டு வெளியே வந்து தவ்பா செய்யுங்கள். இந்தப் பணம் பள்ளிக்கு வேண்டாம், நன்மையை எதிர்பார்க்காமல் ஓர் ஏழைக்குக் கொடுத்துவிடுங்கள். அவர் பள்ளித் திண்ணையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தார். ஏழு இருந்தன. எழுந்தபோது, "இப்பதான் ஹஜ்ரத் மனசு லேசா இருக்கு" என்றார்.

அன்பர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் கைபேசியைத் திறந்து பாருங்கள். ஹலாலான சலுகையைத் தயங்காமல் அனுபவியுங்கள், அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லுங்கள். யார் தந்தது, எதற்காகத் தந்தது என்று சொல்ல முடியாத பணத்தை விட்டுவிடுங்கள். அதை விடுவதால் நம் ரிஸ்கு குறைந்துவிடாது.

வல்ல ரஹ்மான் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஹலாலான ரிஸ்கையும் அதில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! வட்டியின் வாடையிலிருந்தும் பொய்ச் சாட்சியிலிருந்தும் நம்மைப் பாதுகாப்பானாக! ஆமீன். வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.