வாயில்லா உயிரின் இறுதியும் முதற் சீலமும்



சென்ற பௌர்ணமி வழிபாடு முடிந்தபின், உபாசகர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து ஒரு வினா விடுத்தார். 13 ஆண்டுகள் அவர் இல்லத்தைக் காத்த நாய், சிறுநீரகம் பழுதுற்றுக் கிடந்தது. உணவு இறங்கவில்லை, எழுந்து நிற்கவும் இயலவில்லை. நோய் தீராது என்றும், ஊசியிட்டுத் துன்பத்தை முடித்துவிடலாம் என்றும் கால்நடை மருத்துவர் கூறிவிட்டார். “உயிர்க்கொலை செய்யேன் எனச் சீலம் ஏற்றவன் நான், இதற்கு எவ்வாறு உடன்படுவேன்?” என்று கேட்டு அவர் கண் கலங்கினார்.

இவ்வினா எனக்குப் புதிதன்று. பல ஆண்டுகளுக்கு முன் என் வீட்டு நாய்க்கும் இந்நிலை நேர்ந்தது. சீலத்தைக் காப்பதாக எண்ணி, மருத்துவரையும் அழையாது வாளாவிருந்தேன். மூன்று இரவுகள் முனகிய பின்னரே அது மாண்டது. அன்று நான் பேணியது அவ்வுயிரையா, என் தூய்மையையா என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

உயிர் ஒன்று இருத்தல், அஃது உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, அதனால் நேரும் இறப்பு என உயிர்க்கொலைக்கு ஐந்து அங்கங்களை உரையாசிரியர்கள் வகுத்தனர். இரக்கத்தால் இடும் ஊசியிலும் இவ்வைந்தும் உள்ளன, அதனை மறைத்தலாகாது. ஆதலின் தேரர் பலர் இதற்கு இசைவதில்லை. பாபாசாகேப் அம்பேத்கரோ, 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலில், புத்தர் அகிம்சையை விதியாக அன்றிக் கொள்கையாகவே உரைத்தார் என விளக்கினார்; கொல்லும் விருப்பம் வேறு, கொல்ல நேரும் தேவை வேறு எனவும் பிரித்துக் காட்டினார். விதி கட்டளையிடும்; கொள்கையோ சிந்திக்கும் பொறுப்பை நம் தோள்மீதே வைக்கும்.

அப்பொறுப்பை எங்ஙனம் ஆற்றுவது? முதற்கடமை மருத்துவம். மாமன்னர் அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவம் செய்வித்ததைக் கூறுகின்றது. சோழரும் பாண்டியரும் அதில் குறிக்கப்பெறுகின்றனர். நோய் தீராதெனின், வலியையேனும் தணிக்க மருந்து உண்டா எனக் கேளுங்கள். உண்கிறதா, நீர் பருகுகிறதா, பெயர் சொல்லி அழைத்தால் தலை தூக்குகிறதா, வருத்தமின்றி உறங்குகிறதா என நாள்தோறும் நோக்குங்கள். எம்மருந்துக்கும் வலி அடங்காது, இவற்றுள் ஒன்றும் எஞ்சாதபோதே பிரிவைப் பற்றி எண்ணுதல் தகும்.

அப்போதும் நும் உள்ளத்தைச் சோதியுங்கள். மருந்துச் செலவுக்கும் இரவு விழிப்புக்கும் சலித்து அதனை முடிக்க நினைப்பின், அது கருணையன்று. பிரிய மனமின்றி நாளை, நாளை என நீட்டிப்பினும் அது கருணையன்று, பற்றே ஆகும்.

இவற்றையே அவ்வுபாசகரிடம் கூறினேன். அவர் வலி தணிக்கும் மருந்து பெற்றுக் கொடுத்தார். நான்கு நாள் அந்நாய் அமைதியாக உறங்கிற்று. ஐந்தாம் நாள் மூச்சுத் திணறத் தொடங்கவே, மருத்துவரை வரவழைத்தார். முதலில் மயக்க மருந்தும் பின்னர் இறுதி மருந்தும் செலுத்தப்படும் வரை அதன் தலையைத் தம் மடியில் ஏந்தியிருந்தார். “இதன் வினை என்னுடையது, நானே ஏற்பேன்” என்றார். அவர் தம்மை ஏமாற்றிக்கொள்ளவில்லை. அவ்வுயிரைத் தனியே விடவுமில்லை.

சகல உயிர்களும் துன்பம் நீங்கி அமைதியுறுக!

சாது! சாது! சாது!