ஓடாத தூரத்துக்கு ஒரு மெடல்



ஒரு மனுஷன் வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லாமலேயே பொய்யனாக முடியுமா? அவன் யாரையும் ஏமாற்றவில்லை. எந்த விதியையும் மீறவில்லை. தப்பு செய்தது வேறு யாரோ. ஆனால் அந்தத் தப்பினால் வந்த பெருமை அவன் கழுத்தில் தொங்குகிறது. அதைக் கழற்ற வேண்டுமா, வேண்டாமா? தாம்பரத்தில் நமக்குத் தெரிந்த ஒரு சகோதரன் என்னிடம் கொண்டுவந்த கேள்வி இது. வேதாகமக் கல்லூரியில் படித்த நாட்களில் இப்படி ஒரு கேள்வித்தாள் எனக்கு வரவில்லை.

கேள்வி புரிய வேண்டுமானால் முதலில் இந்த ஓட்டக்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நானும் அவர்களில் கடைசி வரிசைக்காரன்தான். நாற்பது வயதைத் தாண்டியதும் டாக்டர் சர்க்கரையைக் காட்டிப் பயமுறுத்தினார். நடக்க ஆரம்பித்து, நடை ஓட்டமாகிவிட்டது. காலை ஐந்து மணிக்கு சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் வந்து பாருங்கள். தண்ணீர் லாரிக்கும் தெருநாய்க்கும் நடுவில் ஒரு கூட்டம் ஓடிக்கொண்டிருக்கும். பேங்கில் வேலை பார்க்கிறவர், ரயில்வேக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள், பேரன் எடுத்த தாத்தா, எல்லாரும் உண்டு. "என்ன சார், பஸ்ஸை விட்டுட்டீங்களா?" என்று டீக்கடையில் கேட்ட காலம் போய்விட்டது. 2006-ல் தொடங்கிய சென்னை ரன்னர்ஸ் குழுவினர் நடத்தும் சென்னை மாரத்தானுக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள்.

சிலருக்கு ஓட்டம் மட்டும் போதவில்லை. 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக வேளச்சேரியில் கட்டிய நீச்சல்குளத்துக்குப் போய் நீந்துகிறார்கள். வண்டலூர் கேளம்பாக்கம் ரோடு வழியாக கோவளம் வரைக்கும் சைக்கிளில் போய்த் திரும்புகிறார்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் செய்யும் போட்டிக்கு ட்ரையத்லான் என்று பெயர். ஒலிம்பிக் அளவில் அது ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், நாற்பது கிலோமீட்டர் சைக்கிள், பத்து கிலோமீட்டர் ஓட்டம்.

இவர்களில் நூற்றுக்கு தொண்ணூற்றொன்பது பேர் ஜெயிக்கப்போவதில்லை. அது அவர்களுக்கே தெரியும். காசு கட்டி, தூக்கத்தை விட்டு, முழங்காலுக்கு தைலம் தேய்த்து, தோற்கப்போகிற பந்தயத்துக்குப் போகிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்று. இவ்வளவு தூரத்தை இவர் கடந்தார் என்று சொல்லும் ஒரு மெடல். முதலில் வந்தவனுக்கும் கடைசியில் வந்தவனுக்கும் அதே மெடல்தான்.

"பாஸ்டர், பந்தயமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதானே?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஸ்காட்லாந்துக்காரர் எரிக் லிடல் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் முதல் சுற்று ஞாயிறன்று வந்ததால் அதில் ஓட மறுத்தார். பிறகு 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம் வாங்கினார். சீனாவுக்கு மிஷனரியாகப் போய் 1945-ல் ஜப்பானியர் முகாமில் மரித்தார். அவரைப் போல மனதில் நிச்சயம் உள்ளவர்கள் அப்படியே நிற்கட்டும். நம்முடைய சகோதரன் விடியுமுன் ஓடி முடித்து, குளித்து, பத்து மணி ஆராதனைக்கு வந்து உட்காருகிறவர். இன்றைய கேள்வி நாளைப் பற்றியது அல்ல, தூரத்தைப் பற்றியது.

நடந்தது இதுதான். அது ஒரு அரை மாரத்தான். தூரம் 21.1 கிலோமீட்டர். மேலே சொன்ன பந்தயம் இல்லை, வேறு ஒன்று. பெயர் வேண்டாம். பாதி தூரம் போய், ரோட்டில் வைத்திருக்கும் கூம்பைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். முன்னால் ஓடினவர்கள் சரியான இடத்தில் திரும்பினார்கள். பிறகு யாரோ கூம்பை முன்னுக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். நடுவில் ஓடின ஒரு கூட்டம் தொள்ளாயிரம் மீட்டர் முன்பாகவே திரும்பிவிட்டது. கொஞ்ச நேரத்தில் தப்பைக் கண்டுபிடித்து கூம்பைப் பழைய இடத்துக்கு மாற்றினார்கள். பின்னால் மெதுவாக வந்தவர்கள் முழு தூரமும் ஓடினார்கள்.

நம்முடைய சகோதரன் நடுக்கூட்டத்தில் இருந்தார். முடிவுக்கோட்டைத் தொட்டபோது கைக்கடிகாரம் 19.3 என்று காட்டியது. கடிகாரம் நூறு, இருநூறு மீட்டர் முன்பின் காட்டும். ஒன்றே முக்கால் கிலோமீட்டரை விழுங்காது. அதற்குள் ஒரு பிள்ளை ஓடிவந்து மெடலை மாட்டிவிட்டது. வீட்டுக்கு வந்தால் அவருடைய பத்து வயது மகள் அதை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு சண்டே ஸ்கூலுக்கே வந்துவிட்டாள். "எங்கப்பா இருபத்தொரு கிலோமீட்டர் ஓடினாங்க!"

அன்று சாயங்காலம் அவர் என் வீட்டு வாசலில் நின்றார். "என் மேல தப்பு இல்லையே பாஸ்டர். கூம்பு எங்க இருந்துச்சோ அங்க திரும்பினேன். இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட தெம்பும் இருந்துச்சு. யாருக்கும் நஷ்டம் இல்ல. அப்புறம் ஏன் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு?"

அவர் சொன்ன மூன்று நியாயங்களையும் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம்.

முதலாவது, யாருக்கும் நஷ்டம் இல்லை. 1980 ஏப்ரல் 21-ஆம் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தானில் ரோஸி ரூயிஸ் என்ற பெண் முதலாவதாக வந்து மாலை வாங்கினாள். பிறகு தெரிந்தது, பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் கூட்டத்திலிருந்து உள்ளே குதித்தவள் என்று. சுமார் ஒரு வாரம் கழித்து பட்டத்தைப் பறித்து, நியாயமாக ஜெயித்த கனடா நாட்டு ஜாக்குலின் கரோவுக்குக் கொடுத்தார்கள். பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், சரி. முதலாவதாக வந்து சேர்ந்த அந்த நிமிஷத்தின் சந்தோஷத்தை யார் திருப்பிக் கொடுக்க முடியும்?

"அது திருட்டு பாஸ்டர், இது வேற" என்பார்கள். வேறுதான். ஆனால் நம்ம ஊர் பந்தயத்திலும் ரிசல்ட் பட்டியல் ஒன்று உண்டு. பின்னால் வந்த ஒரு அம்மா மூன்று மணி இருபது நிமிஷம் ஓடி, பந்தல் பிரிக்கிற நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கடந்தது முழு 21.1 கிலோமீட்டர். பட்டியலில் அவர்களுக்கு மேலே இருக்கிற எத்தனையோ பேர் கடந்தது 19.3. அந்த அம்மா எதையும் கேட்கவில்லை. கேட்காததினால் நஷ்டம் இல்லை என்று ஆகிவிடாது. நஷ்டம் எப்போதும் சத்தம் போடாதவர்கள் பங்குக்குத்தான் போகிறது.

இரண்டாவது, தெம்பு இருந்தது. இருந்திருக்கலாம். ஆனால் ஓடுகிற எவனும் சொல்லுவான், கடைசி இரண்டு கிலோமீட்டரும் முதல் இரண்டு கிலோமீட்டரும் ஒரே அளவு அல்ல. நம்ம ஊரில் ஏழு மணிக்கே வெயில் முதுகில் ஏறும். புழுக்கத்தில் வேர்வை காயாது. கால் கெஞ்சும். பந்தயம் பந்தயமாவது அந்த இடத்தில்தான். மறுநாள் காலையில் எழுந்து விட்டுப்போன தூரத்தை ஓடிக் கூட்டிக்கொள்ளவும் முடியாது. தூங்கி எழுந்தவனின் இரண்டு கிலோமீட்டர் வேறு. 'முடியும்' என்பது ஒரு வார்த்தை, 'முடித்தேன்' என்பது வேறொரு வார்த்தை.

பவுலைப் பாருங்கள். கொரிந்து பட்டணத்துப் பக்கத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகள் நடக்கும். பரிசு, தழைகளால் பின்னிய ஒரு கிரீடம். சில நாளில் வாடிப்போகும். அந்த ஊர் ஜனங்களுக்குத்தான் அவர் ஓட்டத்தை உவமையாக எழுதினார். பிலிப்பியருக்கு எழுதும்போது, தான் இன்னும் அடைந்துவிடவில்லை, தொடர்ந்து ஓடுகிறேன் என்கிறார். மரணம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு தீமோத்தேயுவுக்கு எழுதும் நிருபத்தில்தான் ஓட்டத்தை முடித்ததாகச் சொல்கிறார். முடிக்குமுன் முடித்தேன் என்று அவர் எழுதவில்லை. அப்போஸ்தலனுக்கே அவ்வளவு கவனம் இருந்தது.

மூன்றாவது, என் மேல் தப்பு இல்லை. இதுதான் கடினமான இடம். ட்ரையத்லானில் ஒரு விதி உண்டு. நம்மைப் போன்றவர்கள் ஓட்டுகிற பெரும்பாலான போட்டிகளில், முன்னால் போகும் சைக்கிளின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகக்கூடாது. அவர் காற்றைக் கிழித்துக் கொடுப்பார், பின்னால் வருகிறவனுக்கு உழைப்பு மிச்சம். அதனால் பத்து, பன்னிரண்டு மீட்டர் இடைவெளி விட வேண்டும். ஆனால் ஒலிம்பிக் ட்ரையத்லானில் அப்படி ஒட்டிப்போக அனுமதி உண்டு. அதே செயல் அங்கே சரி, இங்கே தப்பு. ஏன்? தப்பு காற்றில் இல்லை, கொடுத்த வார்த்தையில் இருக்கிறது. 'தனியாக ஓட்டுவேன்' என்று ஒத்துக்கொண்டு பெயர் கொடுத்தவன், நடுவர் இல்லாத நீண்ட ரோட்டிலும் அந்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டவன். போட்டியிடுகிறவன் விதிப்படி நடந்தால்தான் முடிசூட்டப்படுவான் என்று பவுல் தீமோத்தேயுவுக்குச் சொன்னதும் இதைத்தான்.

அப்படியே, மெடல் என்பதும் உலோகம் அல்ல, ஒரு வார்த்தை. 'இவர் 21.1 கிலோமீட்டர் கடந்தார்' என்று அது சொல்லுகிறது. கூம்பை மாற்றி வைத்தவர் தப்பு செய்தார். மெடல் மாட்டிய பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. சகோதரனுக்கும் ஓடும்போது தெரியாது. அதுவரை யார் மேலும் பொய் இல்லை. ஆனால் கடிகாரத்தைப் பார்த்து அறிந்துகொண்ட நேரத்திலிருந்து அந்த வார்த்தைக்கு அவர்தான் சொந்தக்காரர். மற்றவன் செய்த தப்பு நம்முடைய பொய்யாக மாறுவது இப்படித்தான். நாம் ஒன்றும் செய்யத் தேவையில்லை, தெரிந்துகொண்டு சும்மா இருந்தால் போதும்.

பந்தயப் பாதையை அளக்கிறவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. சக்கரத்தில் எண்ணும் கருவி பூட்டிய சைக்கிளில் பாதையை அளப்பார்கள். அளக்கும்போதே கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் கூட்டி வைப்பார்கள். முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர் என்றால், சுமார் நாற்பத்திரண்டு மீட்டர் அதிகம். எதற்கு? அளவில் பிசகு வந்தாலும் குறைந்த தூரம் ஓடினான் என்ற பேச்சு ஓட்டக்காரனுக்கு வரக்கூடாது. பிசகினால் நமக்குக் கஷ்டமாகப் பிசகட்டும், லாபமாகப் பிசக வேண்டாம். நம்ம கடைத்தெருவில் நல்ல வியாபாரி தராசைத் தாழவிட்டு நிறுப்பானே, அதே நீதி.

இனி உங்களையும் என்னையும் தொடுகிற காரியத்துக்கு வருகிறேன். சபையில் நாம் சாட்சி சொல்லுகிறோம். வலி குறைந்தது என்று ஒரு சகோதரி சொல்லுகிறார். அடுத்த வாரம் வேறொருவர் அதை எடுத்துச் சொல்லும்போது வலி மறைந்தது என்று ஆகிறது. அடுத்த மாதம் வியாதியே இல்லை என்று ஆகிறது. சகோதரி முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார், கைப்பையில் மாத்திரை இருக்கிறது. நூறு பேர் வந்த கூட்டம் அறிக்கையில் ஐந்நூறு ஆகிறது. கூட்டிச் சொன்னது நான் இல்லையே என்று மேடையில் இருக்கிறவர் தலையாட்டிக்கொண்டிருக்கிறார். பிரியமானவர்களே, இதெல்லாம் ஓடாத தூரத்துக்கு மாட்டிக்கொள்ளும் மெடல். வலி குறைந்தது என்பதே ஸ்தோத்திரத்துக்குரிய காரியம் அல்லவா? அதோடு நிறுத்தினால் தேவனுடைய மகிமை குறைந்துவிடுமா?

சகோதரன் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். நான் மெடலைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. 19.3 கிலோமீட்டரும் அவர் வேர்வை சிந்தி ஓடியதுதான். அதை வெட்கமாக நினைக்க வேண்டியதில்லை. பந்தயம் நடத்தினவர்களுக்கு எழுதி, தன் பெயருக்கு நேரே உள்ள தூரத்தைத் திருத்தச் சொன்னார். "பரவாயில்லை சார், மெடலை வச்சுக்கோங்க" என்று பதில் வந்தது. கஷ்டம் அதில் இல்லை. மகளைக் கூப்பிட்டுச் சொன்னதுதான் கஷ்டம்.

"பத்தொன்பதுதான் பாப்பா."

"அப்போ மீதி?"

"அது இன்னும் ஓடல."

அந்தப் பிள்ளை முகம் சுண்டிப்போனதாம். அடுத்த ஞாயிறு தன் சிநேகிதிகளிடம் அவளே போய் எண்ணைத் திருத்திச் சொல்லியிருக்கிறாள். யாரும் சொல்லச் சொல்லவில்லை. ஒரு தகப்பன் தன் மகளுக்கு 21 கிலோமீட்டரைக் காட்டியிருந்தால் அவள் பெருமையைக் கற்றிருப்பாள். 19.3 என்று சொன்னதினால் அவள் கற்றுக்கொண்டது வேறு.

நீங்கள் ஓடுகிறவரோ, ஓடாதவரோ, உங்கள் வாழ்க்கையிலும் யாரோ தப்பாக மாட்டிவிட்ட மெடல் ஒன்று இருக்கலாம். வேறொருவர் செய்த வேலைக்கு உங்களுக்கு வந்த பாராட்டாக இருக்கலாம். மற்றவர்கள் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கும் உங்கள் படிப்பாக, உங்கள் தியாகமாக இருக்கலாம். தப்பு உங்களுடையது அல்ல என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் உங்களுக்குத் தெரியும். தெரிந்த நாள் முதல் பேச வேண்டியவர் நீங்கள். எவ்வளவு ஓடினீர்களோ அவ்வளவு சொல்லுங்கள். மீதியை ஓட இன்னும் காலம் இருக்கிறது.