அயலார் வாயிலில் க்ஷமாவணி



கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டையில், தக்காளி மண்டி கூடும் நேரத்தில் சற்றே ஒதுங்கி நின்று செவிகொடுப்பீராயின், ஒரு விந்தையைக் காண்பீர்கள். விற்பவர் தெலுங்கில் விலை கூறுவார்; வாங்குபவர் கன்னடத்தில் குறைத்துக் கேட்பார்; தரகர் தமிழில் முடித்து வைப்பார்; சுமை ஏற்றுவோரை லாரி ஓட்டுநர் உருதுவில் விரைவுபடுத்துவார். ஒருவரும் மொழிபெயர்ப்பாளரைத் தேடுவதில்லை. அந்தக் காட்சியை நினைக்கும்போது சமவசரணம் என் உள்ளத்தில் தோன்றுகிறது. ஜினேந்திர பகவானைச் சூழ்ந்த பன்னிரு சபைகளில் தேவரும் மனிதரும் விலங்குகளும் அருகருகே அமர்ந்திருந்தனர் என்றும், பகவானின் திவ்யத்வனியை ஒவ்வொரு ஜீவனும் தன் தன் மொழியிலேயே உணர்ந்தது என்றும் நம் ஆகமங்கள் கூறுகின்றன. எல்லோரும் ஒரே மொழிக்கு மாறினர் என்று அவை கூறவில்லை என்பதைக் கருத வேண்டும்.

மண்டியைச் சமவசரணத்தோடு ஒப்பிடுவது மிகை என்பீர்கள். மிகைதான். மண்டியில் நம்மை இணைப்பது இலாபம். இலாபம் இருக்கும்வரை அயலான் மொழி நமக்கு இனிக்கிறது. கணக்கு முடிந்து கடை மூடியபின் அவன் வீட்டு வாயிலில் அதே மொழியை நாம் பேசுகின்றோமா? இன்றைய பிரசங்கத்தின் பொருள் இதுவே.

இக்கேள்வி வீண் கேள்வி அன்று. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பையொட்டி 1991 டிசம்பரில் பெங்களூரிலும் தென் கர்நாடகத்திலும் வன்முறை மூண்டபோது, ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தமிழகத்துக்குள் வந்தன. கால் நூற்றாண்டு கழித்து, 2016 செப்டம்பர் 12 அன்று அதே நீரின் பெயரால் பெங்களூரில் தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகள் தீக்கிரையாயின. சென்னையிலும் கன்னடர்க்குரிய உணவகம் ஒன்று தாக்கப்பட்டது. பேருந்துகள் எல்லையைக் கடக்கவில்லை. மூட்டைகளையும் குழந்தைகளையும் சுமந்து அத்திப்பள்ளிக்கும் ஓசூருக்கும் இடையே மக்கள் நடந்தே கடந்தனர். ராயக்கோட்டையிலிருந்து அந்த எல்லை வெகு தொலைவில் இல்லை.

ஆகார தானம், ஔடத தானம், சாஸ்திர தானம், அபய தானம் என நான்கு தானங்களை நம் முன்னோர் வகுத்தனர். முதல் மூன்றையும் நாம் ஓரளவு செய்து வருகிறோம், பெயர்ப்பலகையும் மாட்டுகிறோம். நான்காவதைச் செய்வதற்கு முன்கூட்டியே ஒரு பழக்கம் வேண்டும். தமிழ்நாட்டுச் சாசனங்களில் ‘அஞ்சினான் புகலிடம்’ என்ற பெயர் வருவதையும், அதற்குச் சமணரின் அபய தானத்தோடு உள்ள உறவையும் மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் ‘சமணமும் தமிழும்’ என்ற நூலில் எடுத்துரைத்தார். அஞ்சி ஓடிவரும் ஒருவன் முன்பின் அறியாத கதவைத் தட்டமாட்டான். தான் உண்ட வீட்டின் கதவை, தன் பெயர் சொல்லி அழைத்தவரின் கதவைத்தான் தட்டுவான். ஆகையால் அபய தானம், கலவரம் மூளும் நாளில் தொடங்குவதில்லை. எவ்விதக் கலவரமும் இல்லாத ஒரு சாதாரணத் திருவிழா நாளில் தொடங்குகிறது.

இதற்கு நம் சரித்திரத்திலேயே ஒரு சான்று உண்டு. சிரவணபெளகுளத்தில் பண்டாரி பஸதி என்ற ஜினாலயத்தில் கி.பி. 1368ஆம் ஆண்டின் கன்னடச் சாசனம் ஒன்று இருக்கிறது. பாகுபலியின் திருவுருவைத் தரிசிக்கச் செல்வோர் பலர் இச்சாசனத்தைக் காணாமலே திரும்பி விடுகின்றனர். வைணவர்கள் தமக்கு இழைத்த அநீதியைக் குறித்துச் சமணர் விஜயநகர மன்னர் புக்கராயரிடம் முறையிட்டனர். மன்னர் பதினெட்டு நாட்டு வைணவப் பெருமக்களை அழைத்தார். திருவரங்கம், திருமலை, காஞ்சி, மேலக்கோட்டை ஆகிய தலங்களின் ஆசாரியர்களும் அவர்களுள் இருந்தனர். அனைவர் முன்னிலையிலும் சமணரின் கையை எடுத்து வைணவரின் கையில் வைத்து, இரு தரிசனங்களுக்கும் இடையே பேதம் இல்லை என்று தீர்ப்பளித்தார்.

வழக்கு எதைப் பற்றியது என்பதை அத்தீர்ப்பு காட்டுகிறது. பஞ்ச மகா வாத்தியங்களும் கலசமும் சமணர்க்கு முன்போலவே உரியன என்று அதில் கூறப்படுகிறது. அதாவது, எவருடைய மேளம் ஒலிக்கலாம், எவருடைய கலசம் எழலாம் என்பதே அன்றைய பூசல்! ஆறரை நூற்றாண்டு கடந்தும் நம் தெருக்களின் பூசல் வேறு எது? ஊர்வலம் எவ்வழியே செல்வது, ஒலிபெருக்கி எந்நேரம் ஒலிப்பது என்பனதாமே?

ஆனால் என் உள்ளத்தைக் கவர்வது கைகோத்த காட்சி அன்று. அதன்பின் செய்த ஏற்பாடு. சமணர் வீட்டுக்கு ஒரு பணம் வீதம் ஆண்டுதோறும் தருவது. அதைத் திருமலைத் தாதய்யா பெற்று, பெளகுளத்து இறைவனுக்கு இருபது காவலரை நியமிப்பது. எஞ்சிய தொகையில் பழுதுற்ற ஜினாலயங்களுக்குச் சுண்ணம் பூசிப் புதுப்பிப்பது. சமணத் தலத்தின் காவல், வைணவரின் பொறுப்பு! நல்லெண்ணம் பேச்சோடு நில்லாமல், ஆண்டுதோறும் இரு தரப்பாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய ஒரு காரியமாக ஆக்கப்பட்டது. ஜீவன்கள் ஒன்றுக்கொன்று உதவுவதே அவற்றின் இயல்பு என்று தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமி ஆசாரியர் கூறிய உண்மை, இங்கே கணக்கேட்டில் ஏறிவிட்டது.

மற்றொன்று, இன்றும் நடப்பது. பெங்களூரில் தர்மராய சுவாமி கோயிலின் கரகம் சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் புறப்படுகிறது. அதை எடுப்பவர் திகளர் சமூகத்தார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் மக்கள். அக்கரகம் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குச் சென்ற பின்னரே மேலே செல்கிறது. யானையைத் தடவிய பார்வையற்றோர் கதையைச் சொல்லி அநேகாந்தத்தை விளக்குவது நம் வழக்கம். அக்கதையை நூறுமுறை கேட்டுவிட்டோம். அயலாரின் வாயிலில் தன் கரகத்தை ஒரு கணம் நிறுத்தத் தெரிந்தவர்களிடம் நாம் கற்க வேண்டியது அதிகம்.

இனி நம் ஊருக்கு வருவோம். தசலக்ஷண பர்வம் நிறைவுற்றதும் க்ஷமாவணி கொண்டாடுகிறோம். சுவேதாம்பர அன்பர்கள் சம்வத்சரியன்று ‘மிச்சாமி துக்கடம்’ என்கின்றனர். யாரிடம் கேட்கிறோம்? பெரும்பாலும் நம் உறவினரிடமும், அதே ஆலயத்தில் அமர்ந்திருப்பவரிடமும். எதிர்வீட்டுத் தெலுங்கரிடமும் பின்தெரு முஸ்லிம் அன்பரிடமும் கேட்பது அரிது. எல்லா ஜீவன்களையும் பொறுத்தேன் என்று நாவால் கூறிவிட்டு, எதிர்வீட்டு ஜீவனை விட்டுவிடலாகுமா? யுகாதியன்று வேப்பம்பூவும் வெல்லமும் தருபவர், ரம்ஜான் அன்று பேரீச்சை நீட்டுபவர், பாரதக் கூத்துக்கு நிதி கேட்டு வருபவர் ஆகிய இவர்களின் வாயிலுக்கே க்ஷமாவணி அன்று முதலில் செல்லல் வேண்டும். அவர் மொழியில் ஒரே ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டு செல்லல் வேண்டும். உச்சரிப்புப் பிழைபட்டால் அவர் சிரிப்பார். சிரிக்கட்டும், மானகஷாயம் தேய்வதற்கு இதனினும் எளிய வழி எது?

ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது முதல் இவ்வட்டாரத்துக்கு வேற்றூர் மக்கள் வந்த வண்ணம் உள்ளனர். இப்போது பீகார், ஒடிசா முதலிய வடபுலத்து இளைஞர்களும் வருகின்றனர். அவர்களுக்கு மருத்துவமனைச் சீட்டைப் படித்துச் சொல்லவும், வாடகை வீட்டாரிடம் நியாயம் பேசவும் ஆள் இல்லை. இராஜஸ்தானத்திலிருந்து வந்த நம் வணிகக் குடும்பங்களுக்கு இந்தியும் தமிழும் கன்னடமும் தெரியும். கல்லாப்பெட்டியின் முன்னே பயன்படும் அவ்வறிவை, ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம் அவ்விளைஞர்க்கு வழங்கினால் அதுவும் சாஸ்திர தானத்தின் கூறேயாகும்.

ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் கூறவேண்டும். இம்மாவட்டத்தின் பெருவிழாக்களுள் எருது விடும் விழாவும் ஒன்று. கிராம தேவதை விழாக்களில் ஆடு பலியிடுவதும் உண்டு. அகிம்சை அணுவிரதம் பூண்டவர் அங்கே கைதட்ட இயலாது. அதற்காக ஆண்டு முழுவதும் அம்மக்களை விட்டு விலகுவதும் அறமாகாது. எருது ஓடும் நாளில், மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டியும் தீவனமும் அமைத்து, காயமுற்றவற்றுக்கு மருத்துவரையும் ஏற்பாடு செய்து ஓரத்தில் நில்லுங்கள். நாம் ஏன் களத்துக்குள் வரவில்லை என்று அவர்கள் கேட்பார்கள். கேட்டபின் கூறும் சொல்லே செவியில் ஏறும். கேளாமல் கூறினால் அது வசையாகவே ஒலிக்கும்.

உணவு விஷயத்தில் நம்மவர் பலர் தயங்குகின்றனர். கிழங்கு உண்ணோம், இரவில் உண்ணோம். பிறரோடு எவ்வாறு விருந்து உண்பது என்பர். அப்படியாயின் விருந்தை நாமே அழைப்போம். மாலை நான்கு மணிக்குத் தொடங்கி, கதிரவன் மறையுமுன் முடிப்போம். நம் மண்டித் தக்காளியும் இவ்வட்டாரத்து ராகியும் துவரையும் இருக்கையில் விருந்துக்குக் குறையேது? அழைப்பிதழைத் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி என ஐந்து மொழிகளிலும் எழுதுங்கள். அச்சகத்தாரிடம் விடாமல், அந்தந்த மொழிக்குரிய அண்டை வீட்டாரிடமே கொண்டுசென்று எழுதித் தரும்படி கேளுங்கள். வரும் க்ஷமாவணிக்கு முந்தைய ஞாயிறன்று அதனைத் தொடங்கலாம்.