தோலும் போலித்தோலும்: அஹிம்சையை எங்கே தேடுவது?

அறம் பற்றிய ஐயம் அர்ஜுனனுக்குப் போர்க்களத்தில் எழுந்தது. இல்லறத்தாருக்கு அது கடைத்தெருவிலும் எழும்.

புதுதில்லியின் கீர்த்தி நகர் மரச்சாமான் சந்தையில் ஒரு தம்பதியர் தங்கள் அறையின் அளவுக்கேற்பக் கட்டில் ஒன்று செய்யச் சொல்கிறார்கள் எனக் கொள்வோம். இரவில் சாய்ந்து அமர்ந்து படிப்பதற்கு வசதியாக, கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்குப் பஞ்சு வைத்து மெத்தை போலத் தைக்க வேண்டும். மேலே எதைப் போர்த்துவது என்ற கேள்வி வருகிறது. உண்மையான தோல் இருபது ஆண்டு உழைக்கும் என்கிறார் கணவர். படுக்கும் முன் நாமஜபம் செய்யும் இடத்தில் ஓர் உயிரின் தோலில் தலை சாய்ப்பதா என்று மனைவி தயங்குகிறார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "ரெக்சின் போட்டுவிடலாம், அம்மா. பார்வைக்குத் தோல் போலவே இருக்கும், ஒரு உயிரும் போகவில்லை" என்று தேற்றுகிறார்.

எளிதில் முடிந்துவிட்டது போலத் தோன்றும் இந்த உரையாடலுக்குள் அஹிம்சை பற்றிய ஆழமான கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது. ஒரு பொருளை விலக்கி இன்னொன்றை எடுத்துக்கொள்வதால் மனிதன் ஹிம்சையிலிருந்து விலகிவிடுகிறானா?

தோல் வந்த வழி

தோலை ஆதரிப்பவர்கள் கூறும் முதல் வாதம் இது: "தோலுக்காக எந்த விலங்கும் கொல்லப்படுவதில்லை. இறைச்சிக்காகக் கொல்லப்பட்ட விலங்கின் தோல் வீணாகாமல் பயன்படுகிறது, அவ்வளவுதான்." இதில் உண்மை இருக்கிறது. விலங்கின் விலையில் தோலுக்குரிய பங்கு சிறியது. ஆயினும் சிறிய பங்கும் அந்த வணிகத்தின் வருவாயே. வாங்குபவரின் பணம் ஏதோ ஓர் அளவில் அறுவைக்கூடத்தையும் சென்றடைகிறது.

அதே நேரத்தில், தோலை மறுப்பவரும் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. நம் நாட்டில் அறுவைக்குச் செல்லும் எருமைகளில் பல, பால் வற்றியவை. பால் தராத ஆண் கன்றுகளும் அவ்வழியே போகின்றன. காலையில் அருந்தும் பாலுக்கும் கடையில் தொங்கும் தோலுக்கும் இடையே ஒரு சங்கிலி இருக்கிறது. தோலைக் கண்டு முகம் சுளிக்கும் மரக்கறி உணவினரும் அச்சங்கிலிக்கு முற்றிலும் வெளியே நிற்கவில்லை.

தோல் பதனிடப்படும் இடத்துக்கு வருவோம். கான்பூரை அடுத்த ஜாஜ்மவ், கங்கைக் கரையில் தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி. சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கப்பட்ட தோல், குரோமியம் உப்புக் கரைசலில் பதனிடப்படுகிறது. ஆவாரம்பட்டை, கருவேலம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றால் வாரக்கணக்கில் பதனிட்ட பழைய முறையை, ஒரே நாளில் வேலையை முடித்துவிடும் குரோமியம் பெரும்பாலும் அகற்றிவிட்டது. விரைவுக்கு விலை கொடுத்தது ஆறு. 1987-இல் உச்ச நீதிமன்றம், கழிவுநீரை முதல்நிலைச் சுத்திகரிப்புக்கு உட்படுத்தாத ஜாஜ்மவ் தொழிற்சாலைகளை மூடுமாறு ஆணையிட்டது. 1996-இல் கொல்கத்தாவின் தாங்க்ரா பகுதித் தொழிற்சாலைகளை நகருக்கு வெளியே இடம் மாற்றுமாறு கூறியது. அதே ஆண்டு தமிழ்நாட்டின் பாலாற்றுப் படுகையைப் பற்றியும் தீர்ப்பளித்தது. தாய் என வணங்கப்படும் நதிகள் தோலின் பொருட்டு நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

போலித்தோல் வந்த வழி

அப்படியானால் ரெக்சின் குற்றமற்றதா? கடைகளில் ரெக்சின் என்றும் செயற்கைத் தோல் என்றும் விற்கப்படுபவை பெரும்பாலும் இருவகை. ஒன்று, துணியின் மேல் பி.வி.சி. பூசப்பட்டது, மற்றொன்று, பாலியூரித்தேன் பூசப்பட்டது. இரண்டிற்கும் மூலப்பொருள் பெரும்பாலும் பூமிக்கடியிலிருந்து எடுக்கப்படும் எண்ணெயும் எரிவாயுவும். தோல் போல வளைய வேண்டுமென்பதற்காக பி.வி.சி.யில் மென்மையூட்டும் ரசாயனங்கள் சேர்க்கப்படுகின்றன.

இதன் ஆயுள் பொதுவாகக் குறைவு. மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்றுள்ள நகரங்களில், தரம் குறைந்த பாலியூரித்தேன் மேற்பூச்சு சில ஆண்டுகளிலேயே செதில் செதிலாக உரிந்துவிடுவதைப் பலர் வீட்டில் பார்த்திருக்கலாம். உரிந்ததும் வீட்டார் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று போர்த்துவார்கள். எறியப்பட்டதோ மக்குவதில்லை. குப்பைமேட்டில் தீப்பற்றினால் பி.வி.சி.யிலிருந்து டையாக்சின் உள்ளிட்ட நச்சுப்புகை எழும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள், குப்பை பொறுக்கிப் பிழைக்கும் ஏழைகளும் அவர்களது குழந்தைகளும்.

"ஒரு உயிரும் போகவில்லை" என்ற கடைக்காரரின் சொல் பொய்யல்ல, ஆனால் முழுமையற்றது. தோலின் ஹிம்சை ஓர் அடையாளத்துடன் வருகிறது. அதைத் தொட்டதும் விலங்கு நினைவுக்கு வருகிறது. போலித்தோலின் ஹிம்சைக்கு முகம் இல்லை. கண்ணுக்குப் படாததை இல்லை என்று கொள்வது மனத்தின் பழக்கம். விவேகம் அப்பழக்கத்தைக் கடந்து செல்ல வேண்டும்.

சாஸ்திரம் காட்டும் அளவுகோல்

பதஞ்ஜலி முனிவர் யோக சூத்திரத்தில் ஹிம்சையை மூன்றாகப் பகுக்கிறார்: தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்வதற்கு உடன்படுவது. கையில் கத்தி எடுக்காதவருக்கும் பொறுப்பு உண்டு என்பதே இதன் பொருள். மனு ஸ்மிருதி, கொலைக்குரியவர்களின் பட்டியலில் வாங்குபவரையும் சேர்க்கிறது. திருவள்ளுவரும் புலால் மறுத்தல் அதிகாரத்தில் விற்பவனுக்குப் பின்னால் நிற்கும் வாங்குபவனைச் சுட்டுகிறார்.

இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கினால், தோலை வாங்குபவர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. நதியையும் காற்றையும் கெடுக்கும் பொருளை வாங்குபவரும் தப்ப முடியாது. அப்படியானால் மனிதன் எதைத்தான் வாங்குவது? எதையும் தொடாமல் வாழ்வது எங்ஙனம்?

மகாபாரதத்தின் வன பர்வத்தில் இந்தக் கேள்விக்கே விடை போல ஒரு வரலாறு வருகிறது. தவத்தால் செருக்குற்ற கௌசிகர் என்னும் அந்தணர், தர்மத்தின் நுட்பத்தை அறிய மிதிலை நகருக்குச் செல்கிறார். அங்கே அவருக்குக் குருவாக அமைபவர், இறைச்சி விற்கும் தர்மவியாதர். அவர் உயிர்களைத் தம் கையால் கொல்வதில்லை. புலால் உண்பதும் இல்லை. குலத்தொழிலாக வந்ததைப் பற்றின்றிச் செய்து, பெற்றோருக்குப் பணிவிடை செய்கிறார். அவர் கௌசிகருக்குச் சொல்லும் செய்தி வியப்பூட்டுவது. உழவன் ஏர் ஓட்டும்போது மண்ணுக்குள் எத்தனையோ உயிர்கள் மடிகின்றன. நடப்பவனின் காலடியிலும் மடிகின்றன. அஹிம்சையே விரதமாகக் கொண்ட துறவியரும் ஹிம்சையிலிருந்து முற்றிலும் நீங்குவதில்லை. ஆனால் அவர்களது முயற்சியால் அது மிகக் குறைந்ததாகிறது.

முழுத் தூய்மை எவருக்கும் இயலாது என்பதால் முயற்சியைக் கைவிடுவது தமஸ். "நான் தூயவன்" என்று முயற்சியை முடித்துக்கொள்வது அகங்காரம். இவ்விரண்டுக்கும் நடுவே, இடைவிடாமல் குறைத்துக்கொண்டே செல்வது சாதனை. தர்மவியாதர் காட்டும் அஹிம்சை இதுவே.

தீட்டா, கருணையா?

தோலை விலக்குபவர் தம் உள்ளத்தை நோக்கிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. விலக்கச் செய்வது அருவருப்பா, கருணையா? வெளியே இரண்டும் ஒன்று போலத் தெரியும். அருவருப்பு, "இது என்னைத் தொடக்கூடாது" என்கிறது. அதன் நடுவில் இருப்பது 'நான்'. கருணை, "இதனால் யார் துன்புற்றார்?" என்று கேட்கிறது; அதன் நடுவில் இருப்பது மற்ற உயிர்.

நம் வரலாற்றில் அருவருப்பு செய்த தீங்கு பெரிது. இறந்த மாட்டை ஊருக்கு வெளியே எடுத்துச் சென்று உரித்தவரையும், தோலைப் பதனிட்டவரையும் சமூகம் ஒதுக்கி வைத்தது. அவர்கள் தைத்த செருப்பை அணிந்தது. ஏற்றத்தில் அவர்கள் செய்த தோற்பையில் நீர் இறைத்தது. அவர்களது கைபட்ட தோல் போர்த்திய மிருதங்கத்தையும் தபேலாவையும் இறைவனின் சந்நிதியிலேயே முழக்கியது. பொருளை ஏற்றுக்கொண்டு மனிதரை மட்டும் விலக்கியது. விலங்கின் மீது இரக்கம் என்று சொல்லிக்கொண்டே மனிதனை இழிவு செய்வது எந்த வகை அஹிம்சை?

காசியில் தோல்தொழில் செய்து வாழ்ந்த ரவிதாசர் மகானாகப் போற்றப்படுகிறார். மீராபாய் அவரைக் குருவாகக் கொண்டார் என்பது மரபு. பக்தி, தொழிலின் பெயரால் எழுப்பப்பட்ட சுவரை அவரிடத்தில் உடைத்தெறிந்தது.

காந்தியடிகள் இந்தச் சிக்கலை இரு முனைகளிலும் எதிர்கொண்டார். தென்னாப்பிரிக்காவில் 1910-இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் அவரே செருப்புத் தைக்கக் கற்றார். பின்னர் 1930-களில் வார்தாவை அடுத்த நால்வாடியில், தானாக இறந்த கால்நடைகளின் தோலைப் பதனிடும் கூடம் அவரது ஊக்கத்தால் நடந்தது. கொலையின்றிக் கிடைத்த தோல் பயன்பட வேண்டும். அதைப் பதனிடுபவர் மதிப்புடன் வாழ வேண்டும். விலங்கின் மீதும் தொழிலாளியின் மீதும் ஒரே கருணை பாய்ந்தது.

ஆன்மிக மரபும் பொருள்களில் கட்டுண்டு நின்றதில்லை. தியான ஆசனத்தைக் கூறும் பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயம், தர்ப்பை, தோல், துணி ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. பழங்காலத்து மான்தோல் கிடைத்த சூழல் மாறியது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. இன்று கம்பளி ஆசனத்தில் அமர்ந்து தியானிக்கும் சாதகர் எதையும் இழந்துவிடவில்லை. மனம் அமைதியுற ஏற்ற இருக்கை வேண்டும் என்பதே நோக்கம். பொருள் காலத்துக்கேற்ப மாறலாம்.

மூன்று கேள்விகள்

இனி அந்தத் தம்பதியரின் கட்டிலுக்கு வருவோம். அவர்கள் தங்களைத் தாங்களே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம்.

முதலாவது: இது தேவையா, ஆசையா? உழைக்கும் தொழிலாளிக்குத் தோற்செருப்பு தேவையாக இருக்கலாம். தலைமாட்டுப் பலகைக்குத் தோல் போன்ற தோற்றம் எவருக்கும் தேவையன்று. தேவைக்காக நேரும் ஹிம்சையும் தோற்றத்துக்காக நேரும் ஹிம்சையும் சமமல்ல. தோலைப் போலித்தோலால் மாற்றும்போதும் ஆசை அப்படியே இருக்கிறது. தோலின் ஆடம்பரத்தைத் தோலின்றி அடைய விரும்புகிறது, அவ்வளவே.

இரண்டாவது: இதன் பொருட்டு யாருடைய கை நோகும், எந்த நீர் கெடும்? இதற்கு விடை எப்போதும் முழுமையாகக் கிடைக்காது. ஆயினும் கேட்கும் பழக்கமே வாங்குபவரை விழிப்புள்ளவராக்கும்.

மூன்றாவது: இது எத்தனை காலம் உழைக்கும், பின்னர் எங்கே போகும்?

இம்மூன்றையும் கேட்டால் கடைக்காரர் சொல்லாத மூன்றாவது வழி ஒன்று புலப்படும். கட்டிலின் பலகையை வெறும் மரமாகவே விட்டு, சாய்ந்துகொள்ளத் தேங்காய்நாரும் இலவம்பஞ்சும் அடைத்த திண்டு வைக்கலாம். மெத்தை தைத்தே ஆக வேண்டுமெனில், கழற்றித் துவைக்கக்கூடிய கெட்டியான பருத்தித் துணியைப் போர்த்தலாம். பருத்தி வயலிலும் பூச்சிமருந்து தெளிக்கிறார்கள். அதுவும் முற்றிலும் தூயதன்று. ஆனால் கிழிந்தால் தைக்கலாம், பழசானால் மக்கும். தர்மவியாதரின் மொழியில் சொன்னால், ஹிம்சை குறைகிறது.

முன்பே வீட்டில் தோல் சோபா வைத்திருப்பவர் இதைப் படித்துவிட்டு அதை எறிய வேண்டியதில்லை. எறிவது இரண்டாம் முறை செய்யும் வீண். பேணி, நீண்டகாலம் பயன்படுத்துவதே அந்த உயிருக்குச் செய்யும் மரியாதை.

அஹிம்சை கடையில் மீட்டர் கணக்கில் கிடைப்பதில்லை. கட்டிலுக்கு எதைப் போர்த்தினாலும், அதைத் தைக்க வீட்டுக்கு வரும் தொழிலாளியைப் பெயர் கேட்டு, அமரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுக்க வேண்டும். விலங்குக்காக இரங்கும் இதயம் அந்த மனிதரிடத்தும் இரங்குகிறதா என்பதில்தான் அதன் உண்மை சோதிக்கப்படுகிறது.