உடனிருப்போன் கடன்: முதிய பெற்றோரின் சிகிச்சை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, மருத்துவத்தின் உறுப்புகள் நான்கு எனக் கூறி முடிகின்றது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனை அளிப்பவன் என்பனவே அந்நான்கு. இவ்வரிசையில் நோயாளி முதலிடத்திலும் உடனிருப்போன் இறுதியிடத்திலும் வைக்கப்பட்டிருத்தல் மனங்கொள்ளத்தக்கது. முதுமையுற்ற பெற்றோர் நோய்வாய்ப்படும்போது பிள்ளைகளுக்கு உரியது அந்த நான்காம் இடமேயாகும். ஆயினும் நடைமுறையில் பிள்ளைகள் முதலிடத்தைத் தமதாக்கிக்கொண்டு, நோயாளி எடுக்கவேண்டிய முடிவைத் தாமே எடுத்துவிடுகின்றனர். இஃது அன்பினால் நிகழ்வதே. அன்பினால் நிகழ்வதனாலேயே அறமாகிவிடுமா என்பது ஆராய்தற்குரியது.

உடலில் இரும்புச்சத்து மிகையாகத் தேங்கும் நோய் இவ்வாராய்ச்சிக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். இரும்புச்சத்தைப் பலரும் நன்மை தருவதாக மட்டுமே அறிவர். குருதிக்குறைவு உடையோருக்கு முருங்கையிலையும் இரும்புச்சத்து மாத்திரையும் பரிந்துரைக்கப்படுவதே வழக்கம். மனித உடலில் இயல்பாக இருப்பது 3 முதல் 4 கிராம் வரையான இரும்பே. நாளொன்றுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் உணவிலிருந்து உறிஞ்சப்படுகின்றது. ஏறத்தாழ அதே அளவு இழக்கவும்படுகின்றது. மிகுந்ததை வெளியேற்றுவதற்கெனத் தனிவழி எதுவும் உடலுக்கு இல்லை. எனவே நாள்தோறும் சிறுகச் சேர்வது பல்லாண்டுகளிற் பெருந்தேக்கமாகி, ஈரல், கணையம், இதயம், மூட்டுகள் ஆகியவற்றைக் கெடுக்கின்றது. மாதவிடாயால் இரும்பு இழக்கப்படுவதனால் பரம்பரை வழிவரும் இந்நோய் தாய்மாரிடத்துத் தந்தையரிலும் பிந்தியே வெளிப்படுவதுண்டு. நோய் மெல்ல வருவது. சிகிச்சையின் பயனும் மெல்லவே கிட்டுவது. முதியோரிடத்து எஞ்சியுள்ள காலமோ குறுகியது. இம்முரண்பாட்டிலேயே அறவியல் வினா பிறக்கின்றது.

மன்னார்த் தீவின் பேசாலையிற் கடற்றொழில் செய்து ஓய்ந்த எழுபத்தெட்டு வயதுத் தந்தை ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். களைப்புக்காகச் செய்யப்பட்ட குருதிப் பரிசோதனையில் இரும்பு மிகை தெரியவருகின்றது. கனடாவிலுள்ள மகன், எவ்வளவு செலவானாலும் தந்தையைக் கொழும்புக்குக் கொண்டுசென்று அனைத்தையும் செய்யவேண்டுமெனத் தொலைபேசியில் வற்புறுத்துகின்றான். வீட்டிலிருந்து பராமரிக்கும் மகள், இந்த வயதில் அவரை அலைக்கழித்தல் ஆகாது என்கின்றாள். இருவர் கூற்றிலும் அன்பு உண்டு. அடுத்த அறையிற் படுத்திருக்கும் தந்தையிடம் இருவருமே வினவவில்லை.

அறம் பற்றிய வினாவுக்கு முன்னர் உண்மை பற்றிய வினா தீர்க்கப்படவேண்டும். இரும்பின் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின் என்னும் புரதம் குருதியிற் கூடியிருப்பதால் மட்டும் இரும்பு மிகை உறுதியாகிவிடாது. கொழுப்புப் படிந்த ஈரல், மதுப்பழக்கம், அழற்சி ஆகியவற்றாலும் அது கூடும். இரும்பைக் காவிச்செல்லும் புரதத்தின் நிறைவு வீதம் 45க்கு மேற்பட்டுள்ளதா என்பதும் நோக்கப்படல் வேண்டும். பரம்பரை நோய்க்குரிய முதன்மையான மரபணு மாற்றம் வட ஐரோப்பியரிடையே மிகுதியாகவும் தென்னாசியரிடையே அரிதாகவும் காணப்படுவது. இங்கு முதியோருக்கு இரும்பு தேங்குவது, எலும்பு மச்சையின் குறைபாட்டினால் அடிக்கடி குருதி ஏற்றப்படுவதாலும் ஆகலாம். ஏற்றப்படும் ஒவ்வொரு பை குருதியும் 200 முதல் 250 மில்லிகிராம் வரையான இரும்பை உடலிற் சேர்க்கின்றது. நோயின் மூலத்தை அறியாது சிகிச்சை பற்றி வழக்காடுவது, ஆழம் பாராது தோணியைச் செலுத்துவதை ஒக்கும்.

மூலம் வேறுபடச் சிகிச்சையின் சுமையும் வேறுபடுகின்றது. பரம்பரை நோய்க்குக் குருதி வடித்தலே மருந்து. ஒருமுறை 450 முதல் 500 மில்லிலீற்றர் வரை வடித்தால் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு நீங்கும். 10 கிராம் தேங்கியிருப்பின் நாற்பது முறையேனும் வடிக்கவேண்டும். பின்னர் ஆண்டுக்குச் சில முறை போதும். ஈரல் இறுகுமுன்னர் தொடங்கினால் ஆயுள் பெரும்பாலும் குறைவதில்லை. களைப்புத் தணியலாம், மூட்டுவலி பெரும்பாலும் தணிவதில்லை. குருதிக்குறைவு உடையோருக்கோ வடித்தல் இயலாது. அவர்களுக்கு இரும்பைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகளே வழி. முற்காலத்தில் வாரத்திற் பல இரவுகள் தோலின்கீழ் ஊசிவழி செலுத்தப்பட்ட மருந்துக்கு மாற்றாக, 2005இன் பின்னர் நாளொன்றுக்கு ஒருமுறை உட்கொள்ளும் டெபெராசிரொக்ஸ் என்னும் வேறொரு மருந்தும் கிடைக்கலாயிற்று. அது சிறுநீரகத்தையும் ஈரலையும் பாதிக்கக்கூடும். குடலிற் குருதிக்கசிவையும் உண்டாக்கக்கூடும். மச்சைக் குறைபாடுடையோரிடத்து நடத்தப்பட்டு 2020இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், அம்மருந்தை உண்டோர் பாரிய தீங்கின்றி வாழ்ந்த காலம் ஏறத்தாழ ஓராண்டு நீண்டது. எனினும் மொத்த ஆயுள் நீண்டதெனத் திட்டமாக நிறுவப்படவில்லை. ஆகவே ‘செய்வதா, விடுவதா’ என்னும் வினாவுக்கு மருத்துவம் பொதுவிடை அளிப்பதில்லை. எதனைப் பெறுவதற்கு எதனை இழப்பது என்பதையே அது எடுத்துரைக்கின்றது.

அந்த இழப்பையும் பேற்றையும் நிறுத்துப் பார்க்கவேண்டியவர் யார்? தூரத்து மகனின் வற்புறுத்தலில் தந்தையின் நன்மையோடு மகனின் குற்றவுணர்வும் கலந்துள்ளது. அருகிலிராத குறையைச் செலவினால் ஈடுசெய்ய அவன் முயல்கின்றான். மகளின் மறுப்பில் இரக்கத்தோடு சோர்வும் கலந்துள்ளது. ‘இந்த வயதில் எதற்கு’ என்னும் சொல் சிலவேளை கருணையாகும்; சிலவேளை கைவிடுதலின் நாகரிகமான பெயராகும். எழுபத்தெட்டு வயதில் வலையைப் பொத்திக்கொண்டு பேரப்பிள்ளைகளோடு மகிழ்ந்திருக்கும் ஒருவருக்கு, மாதமிருமுறை குருதி வடிப்பதைப் பொறுத்துக்கொண்டு பத்தாண்டு வாழ்வது பெரும்பேறாகலாம். வயது ஒரு கணிப்புக்கு உதவும், தீர்ப்பு ஆகாது. இவ்வாறு இருவர் வாதமும் தத்தமது நெஞ்சின் சுமையை இறக்கிவைப்பதாகவே முடிகின்றது.

மன்னாரின் அண்மைக்கால வரலாறு இவ்வினாவுக்கு மற்றுமோர் ஆழத்தை அளிக்கின்றது. தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலம் 1990இல் தகர்க்கப்பட்டது. புதிய பாலம் 2010இலேயே திறக்கப்பட்டது. அதே 1990இல் மன்னார் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் அகதிகளாயினர். போர்க்காலத்தில் தோணியேறி இராமேசுவரம் சேர்ந்தோரும், மடுவில் தஞ்சம் புகுந்தோரும் பலர். இவ்வாறு ஊரை இழந்து மீண்டும் ஊரைப் பெற்ற முதியவருக்கு, வீட்டு முற்றத்தில் இருத்தல் வெறும் வசதியன்று. அது மீட்கப்பட்ட வாழ்வு. 300 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கொழும்பில் வாரக்கணக்கில் தங்குதல் பிள்ளைகளுக்குப் பயணமாகத் தோன்றலாம். அவருக்கோ மற்றுமோர் இடப்பெயர்வாகத் தோன்றலாம். அன்றி, பலமுறை உயிர்தப்பிய ஒருவர் இன்னும் ஒருமுறை போராடிப் பார்ப்போம் எனத் துணியவும் கூடும். எது அவர் உள்ளம் என்பதைப் பிறர் ஊகித்தறிதல் இயலாது; அவரை வினவியே அறிதல் வேண்டும்.

வினவுதற்கு உண்மையைச் சொல்லுதல் இன்றியமையாதது. நோயின் பெயரை முதியோரிடம் மறைப்பதைப் பரிவென நம் சமூகம் கருதிவந்துள்ளது. ஆனால் காரணம் கூறாது ஒருவருடைய குருதியை வடித்தல் அவருக்கு அச்சத்தையே தரும். குருதியே பலம் என எண்ணி வாழ்ந்த தலைமுறைக்கு அது கொடுமையாகவும் தோன்றும். சிகிச்சையைச் சிலகாலம் செய்து பார்த்துப் பின் நிறுத்தலாம் என்பதும், அலைச்சல் மிகுந்த பரிசோதனைகளைத் தவிர்த்து அண்மையிலுள்ள வைத்தியசாலையில் இயன்றதை மட்டும் செய்யலாம் என்பதும் அவருக்குக் கூறப்படவேண்டும். நினைவு மங்கியவரிடத்து, அவர் தெளிவோடிருந்த காலத்தில் எதனை விரும்பினார், எதனை வெறுத்தார் என்பதே அளவுகோல் ஆதல் வேண்டும்; பிள்ளையின் விருப்பம் அன்று.

ஈண்டு மறக்கற்பாலதல்லாத செய்தி ஒன்று உண்டு. நோய் பரம்பரை வழியது என உறுதிப்படின், உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் பரிசோதிக்கப்படல் வேண்டும். இளமையிற் கண்டறியப்படும்போது அதன் தீங்கு பெரும்பாலும் தடுக்கத்தக்கது. தமக்கெனச் சிகிச்சை வேண்டாதொழியும் தந்தையும், தம் நோயை அறிந்துகொள்ள இசைவதால் மக்களைக் காக்கின்றார். முதியவரைச் சுமையாக மட்டும் நோக்கும் குடும்பம், அவர் இன்னும் கொடுப்பவராக இருப்பதை இங்கு உணர்தல் கூடும்.

நான்காம் இடம் இழிந்த இடமன்று. மருத்துவர் கூறுவதை எளிய சொல்லில் விளக்குதல், பயணத்தில் உடன்செல்லல், வடித்தபின் தலைசுற்றினால் தாங்குதல், ‘போதும்’ என அவர் கூறும்போது அதனை ஏற்றல் ஆகிய அனைத்தும் உடனிருப்போன் கடனேயாம். தந்தை சிகிச்சையை ஏற்பினும் மறுப்பினும் அக்கடன் நீங்குவதில்லை. முடிவை அவரிடம் விட்டபின்னும் அவரைத் தனியே விடாதிருத்தலே மக்கட்கு உரிய அறமாகும்.