குறையும் விபத்தும்: நீட்டித்த வாரண்டி பற்றிய ஃபிக்ஹ் விவாதம்

விலை உயர்ந்த லேப்டாப்பை வாங்குபவர், அதன் விலைக்கு மேல் தனியாக ஒரு தொகை கட்டி நீட்டித்த வாரண்டியும் வாங்கலாமா என்பது இஸ்லாமிய வணிகச் சட்டத்தில் ஒரே பதில் இல்லாத கேள்வி. கூடும் என்போர் உண்டு, கூடாது என்போர் உண்டு, திட்டத்தின் விதிகளைப் படிக்காமல் சொல்ல முடியாது என்போரும் உண்டு. ஒரே தாளில் எழுதித் தரப்படும் வாரண்டிக்குள் இரண்டு வேறு பொறுப்புகள் அடங்கியிருப்பதே கருத்து வேறுபாட்டின் வேர். ஒன்று, பொருளிலேயே இருந்த குறைக்கான பொறுப்பு. மற்றொன்று, வாங்கியவர் கையில் அதற்கு நேரும் விபத்துக்கான பொறுப்பு. ஃபிக்ஹ் எனப்படும் இஸ்லாமியச் சட்டவியலின் அறிஞர்கள் தொடக்கக் காலம் முதலே இவ்விரண்டையும் வெவ்வேறு இடத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

இந்தக் கேள்வி உயர்விலை லேப்டாப்பில் கூர்மையாவதற்குக் காரணம் அதன் அமைப்பு. மெல்லிய உடலுக்காக நினைவகம் மதர்போர்டோடு சேர்த்து ஈயப்பற்று வைக்கப்படுகிறது. பேட்டரி பல மாடல்களில் பசையால் ஒட்டப்படுகிறது. திரையில் சிறு விரிசல் விழுந்தாலும் மேல்மூடி முழுவதையும் மாற்ற நேரிடுகிறது. ஒரு சில்லு கெட்டால் அதை மட்டும் மாற்றாமல் போர்டையே மாற்றுவதுதான் கம்பெனி சர்வீஸ் சென்டர்களின் வழக்கம். ஆகவே திரையின் தெளிவையும் விசைப்பலகையின் மென்மையையும் மெச்சும் அதே உரிமையாளர், மேசையோரத்துத் தேநீர்க் கோப்பையைக் கண்டு அஞ்சவும் செய்கிறார். நீட்டித்த வாரண்டி விற்கப்படுவது பெரும்பாலும் இந்த மகிழ்ச்சியும் அச்சமும் சேர்ந்திருக்கும் முதல் நாளில்தான்.

மூன்று வகைப் பாதுகாப்பு

லேப்டாப்போடு வரும் பாதுகாப்புகள் மூன்று வகை. முதலாவது, தயாரிப்பாளர் விலைக்குள்ளேயே அடக்கித் தரும் வாரண்டி. இது வழக்கமாக ஓராண்டு. இரண்டாவது, அதே வாரண்டியைக் கூடுதல் தொகைக்கு மேலும் சில ஆண்டுகள் நீட்டிப்பது. மூன்றாவது, கீழே விழுதல், நீர் சிந்துதல் போன்ற விபத்துச் சேதத்துக்கான பாதுகாப்பு. இதில் ஒவ்வொரு விபத்துக்கும் உரிமையாளர் ஒரு சேவைக் கட்டணம் கட்ட வேண்டியிருப்பது பொதுவான ஏற்பாடு. கடையில் இரண்டாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் ஒரே பெயரில், ஒரே விலையில் கிடைக்கின்றன.

மதச்சார்பற்ற சட்டங்களும் இந்தப் பிரிவினையை அறியும். அமெரிக்காவில் 1975இல் இயற்றப்பட்ட மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டம், விலைக்குள் அடங்கிய வாரண்டியை ஒரு வகையாகவும், தனித் தொகைக்கு விற்கப்படும் சேவை ஒப்பந்தத்தை வேறொரு வகையாகவும் வைக்கிறது. ஆப்பிள் நிறுவனத்தின் ஆப்பிள்கேர் பிளஸ் திட்டம் பிரிட்டனில் காப்பீடாகவே விற்கப்படுகிறது. ஃபிக்ஹின் பார்வையில் இது வெறும் பெயர் வேறுபாடன்று. சேவை ஒப்பந்தமானால் ஒரு தீர்ப்பும், காப்பீடானால் வேறொரு தீர்ப்பும் பிறக்கும்.

குறைக்கு விற்றவரே பொறுப்பு

சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபிகள் நாயகம், உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மறைத்து விற்ற வணிகரைக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிம் என்னும் நபிமொழித் தொகுப்பில் பதிவாகியுள்ளது. பொருளின் குறையை மறைக்கக் கூடாது. மறைந்திருந்த குறை பின்னால் தெரியவந்தால் வாங்கியவர் பொருளைத் திருப்பித் தரலாம். கியாருல் ஐப் எனப்படும் இந்த உரிமையை மத்ஹபுகள் எனப்படும் நான்கு சட்டப் பள்ளிகளும் ஏற்கின்றன. 1869 முதல் 1876 வரை உதுமானிய அரசு தொகுத்த மஜல்லா சட்டநூலும் இதற்குத் தனி இடம் தந்தது. இந்த உரிமைக்கு ஒரு நிபந்தனை உண்டு: குறை, பொருள் விற்றவர் கையில் இருந்தபோதே இருந்திருக்க வேண்டும். வாங்கியவர் கைக்கு வந்தபின் புதிதாகத் தோன்றிய பழுதுக்கு விற்றவர் பொறுப்பல்லர்.

பழுது எப்போது தோன்றியது என்று சொல்ல முடியாத நிலை வந்தால் என்ன செய்வது? மதீனாவின் நடைமுறை இதற்கு ஒரு தீர்வு வைத்திருந்தது. இமாம் மாலிக் (மறைவு 795) தமது முவத்தா நூலில் விவரிக்கும் உஹ்தா என்னும் ஏற்பாட்டின்படி, அடிமை விற்பனையில் முதல் மூன்று நாளுக்குள் தெரியவரும் எந்தக் குறைக்கும் விற்றவரே பொறுப்பு. பித்து, குட்டம் போன்ற, மெல்ல வெளிப்படும் நோய்களுக்கு அந்தப் பொறுப்பு ஓராண்டு நீளும். விற்கப்பட்டது மனிதர் என்பது அக்காலத்தின் கொடுமை. ஆனால் கால வரையறையோடு கூடிய விற்பனையாளர் பொறுப்பு என்ற கருத்து அங்கே தெளிவாக இருக்கிறது. மறைந்திருக்கும் குறை வெளிப்பட எவ்வளவு காலம் ஆகுமோ அவ்வளவு காலத்துக்குப் பொறுப்பும் தொடர வேண்டும் என்பதே அதன் தர்க்கம். லேப்டாப்பின் முதலாண்டு வாரண்டி இந்தத் தர்க்கத்துக்குள் எளிதாக அடங்கும். விலைக்குள் அடங்கிய வாரண்டியைப் பற்றி இக்கால அறிஞர்களிடையே பெரிய சர்ச்சை இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

விற்பனையில் சேர்க்கும் நிபந்தனை

பழுதானால் விற்றவரே சரிசெய்து தர வேண்டும் என்று விற்பனையோடு சேர்த்து நிபந்தனை இடலாமா என்பதில் மத்ஹபுகள் பிரிகின்றன. ஒரு விற்பனைக்குள் இன்னொரு வேலையைச் செருகுவதை ஷாஃபிஈ மத்ஹபு கடுமையாகப் பார்க்கிறது. துணியை வாங்குபவர் விற்பவரே அதைத் தைத்துத் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டால், அந்த விற்பனை செல்லாது என்பதே ஏற்கத்தக்க கருத்து என இமாம் நவவி (1233–1277) தமது மின்ஹாஜ் நூலில் எழுதுகிறார். ஹன்பலி மத்ஹபு இத்தகைய ஒரு நிபந்தனையை அனுமதிக்கிறது. ஹனஃபி மத்ஹபு பொது விதியாக மறுத்தாலும், மக்களிடையே வழக்கமாகிவிட்ட நிபந்தனைக்கு விலக்கு அளிக்கிறது. செருப்பு வாங்கும்போது வார் பொருத்தித் தரச் சொல்வது ஹனஃபி நூல்கள் காட்டும் பழைய உதாரணம்.

பாகிஸ்தானின் ஹனஃபி அறிஞர் முஃப்தி முஹம்மத் தகீ உஸ்மானி இதே விதியை இக்காலத்துக்குக் கொண்டுவந்து, குறிப்பிட்ட காலம் இலவச சர்வீஸ் உண்டு என்ற நிபந்தனையோடு ஃபிரிட்ஜ் வாங்குவது செல்லும் என்கிறார். 1998இல் பஹ்ரைனின் மனாமாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதிய, தனித்த ஒப்பந்தமாக ஏற்றது. அதன் வடிவத்துக்கு ஏற்பத் தீர்ப்பும் மாறும் என்றது. வரையறுத்த காலத்துக்குப் பராமரிப்பு விற்றவரின் பொறுப்பு என்று விற்பனையிலேயே நிபந்தனை இட்டால், அது கூடும் என்றும் முடிவு செய்தது.

தமிழ்நாட்டில் இந்த வேறுபாடு நூல்களோடு நிற்பதில்லை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும், உள்நாட்டு ராவுத்தர் குடும்பங்களிடையே ஹனஃபி மத்ஹபும் வழங்குகின்றன. ஒரே கடையில் ஒரே லேப்டாப்பை வாங்கும் இருவர், தத்தம் மத்ஹபு நூலின்படி கேட்டால் வேறு வேறு விளக்கம் பெறக்கூடும்.

விபத்துக்கு விலை

கையிலிருந்து நழுவி விழுந்த லேப்டாப்பின் உடைந்த திரை, விற்றவர் மறைத்த குறையன்று. அதற்கான பொறுப்பை ஒருவர் கூலிக்கு ஏற்றுக்கொள்வதே காப்பீடு. இதை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவராகக் கருதப்படுபவர் டமாஸ்கஸின் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (1784–1836). கப்பலை வாடகைக்கு அமர்த்தும் வணிகர்கள் வெளிநாட்டவர் ஒருவருக்குத் தனியாக ஒரு தொகை தருவார்கள். தீயாலோ மூழ்கியோ கொள்ளையாலோ சரக்கு அழிந்தால் அவர் ஈடு தருவார். ஸவ்கரா எனப்பட்ட இந்தக் கடல் காப்பீட்டில், ஈட்டுத் தொகையைப் பெறுவது வணிகருக்கு ஆகாது என்று அவர் தீர்ப்பளித்தார். தனக்குச் சேராத பொறுப்பைத் தன்மேல் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்பது அவர் சொன்ன காரணம்.

பின்வந்தவர்கள் கரர், சூது, வட்டி ஆகிய மூன்று காரணங்களை முன்வைத்தார்கள். கரர் என்பது முடிவு தெரியாத பேரம். தண்ணீரில் ஓடும் மீனையும் பிறக்காத குட்டியையும் விற்பது இதற்கான வழக்கமான உதாரணங்கள். வாரண்டி வாங்குபவர் பணத்தை இன்றே கட்டுகிறார். பழுது வருமா, எத்தனை முறை வரும், செலவு எவ்வளவு என்பது இருவருக்குமே தெரியாது. பழுது வராவிட்டால் கட்டிய பணம் போயிற்று, வந்தால் கட்டியதைவிடப் பெரிய பயன். ஒருவர் இலாபம் மற்றவர் நட்டமாகும் இந்த அமைப்பே சூதின் சாயல் என்பது மறுப்போர் வாதம். சிறு தொகை கட்டிப் பின்னாளில் பெருந்தொகை பெறுவது வட்டியின் சாயல். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய ஃபிக்ஹ் அகாதமி, நிலையான தவணைத் தொகையிலான வணிகக் காப்பீட்டில் ஒப்பந்தத்தையே கெடுக்கும் அளவுக்குக் கரர் இருப்பதால் அது ஹராம் (தடுக்கப்பட்டது) என்று அறிவித்தது.

சிரியாவின் முஸ்தஃபா அஸ்ஸர்கா (1904–1999) இதை ஏற்கவில்லை. காவலாளிக்குக் கூலி தருகிறோம். திருடன் வராத இரவுக்கும் அவருக்குக் கூலி உண்டு. அங்கே விலைக்குப் பெறப்படுவது மன நிம்மதி. காப்பீட்டிலும் அதுவே விற்கப்படுகிறது, அது முதல் நாளிலேயே கைக்கு வந்துவிடுகிறது என்பது அவர் வாதம். தனி ஒருவருக்கு எப்போது இழப்பு வரும் என்பது தெரியாவிட்டாலும், ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்த்தால் இழப்பின் அளவைக் கணக்கிட முடியும். எனவே காப்பீடு தருபவரைப் பொறுத்தவரை அது சூதாகாது என்றும் அவர் சொன்னார்.

பொறுக்கத்தக்க ஐயம்

எல்லாக் கரரும் தடையன்று. கட்டடம் வாங்குபவர் அதன் அடித்தளத்தைத் தோண்டிப் பார்ப்பதில்லை. குளியல் விடுதியில் ஒருவர் எவ்வளவு நீர் ஊற்றுவார், எவ்வளவு நேரம் இருப்பார் என்பது தெரியாவிட்டாலும் கட்டணம் ஒன்றே. மாதத்துக்கு 29 நாளானாலும் 30 நாளானாலும் வாடகை ஒன்றே. இவற்றைக் காட்டி, சிறிய கரரும் தவிர்க்க முடியாத கரரும் மன்னிக்கப்படும் என்று நவவி விளக்குகிறார். நீட்டித்த வாரண்டியை அனுமதிப்போர் நிற்பது இந்தத் தளத்தில்தான்: லேப்டாப்பின் விலையோடு ஒப்பிட்டால் வாரண்டித் தொகை சிறியது, காலம் வரையறுக்கப்பட்டது, கிடைப்பது பழுது நீக்கும் வேலை. பணத்துக்குப் பணம் கைமாறாததால் வட்டி வாதம் இங்கே வலுவிழக்கிறது. சரிசெய்ய இயலாதபோது ரொக்கமாக ஈடு தருவதாக விதி இருந்தால் அந்த வாதம் திரும்பி வந்துவிடும்.

யார் பொறுப்பேற்கிறார் என்பதும் கணக்கில் வரும். தயாரிப்பாளரே தன் பொருளின் குறைகளுக்கு வாரண்டியை நீட்டினால், அது பழைய விற்பனையாளர் பொறுப்பின் தொடர்ச்சி. லேப்டாப்பைச் செய்யவும் விற்கவும் இல்லாத மூன்றாம் நிறுவனம் விபத்துக்கு ஈடு தருவதாகச் சொன்னால், அது இப்னு ஆபிதீன் ஆராய்ந்த வெளிநாட்டவரின் இடத்தில் நிற்கிறது. இரண்டையும் ஒரே திட்டம் கலந்து தரும்போது, எது முதன்மை, எது துணை என்று பார்த்தே தீர்ப்பு அமையும்.

தகாஃபுல்

வணிகக் காப்பீட்டுக்கான தடையை ஏற்றவர்கள் மாற்று வழியையும் காட்டினார்கள். கெய்ரோவின் மாலிகி அறிஞர் கராஃபி (மறைவு 1285), கொடுக்கல் வாங்கலில் கரர் கெடுதல் செய்யும், நன்கொடையில் செய்யாது என்று பிரித்திருந்தார். கைம்மாறு கொடுக்காமல் பெறுபவருக்கு, எதிர்பார்த்தது வராவிட்டாலும் இழப்பில்லை என்பது காரணம். இந்த அடிப்படையில் உறுப்பினர்கள் பொது நிதிக்கு நன்கொடையாகப் பணம் செலுத்தி, இழப்புற்றவருக்கு அதிலிருந்து உதவும் தகாஃபுல் முறை உருவானது. சூடானில் 1979இல் இத்தகைய நிறுவனம் தோன்றியது. மலேசியா 1984இல் தகாஃபுலுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. நிதி நிர்வாகிக்குச் சொந்தமானதன்று, உறுப்பினர்களுக்குச் சொந்தமானது என்பதே வணிகக் காப்பீட்டிலிருந்து இதைப் பிரிக்கும் கோடு.

தவக்குல்

சட்டம் அனுமதித்தாலும், இறைவன்மேல் பொறுப்பு வைப்பதாகிய தவக்குல் உடையவருக்கு வாரண்டி எதற்கு என்ற கேள்வி மிஞ்சும். ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு நம்பிக்கை கொள்ளுமாறு நபிகள் நாயகம் அறிவுறுத்திய செய்தி திர்மிதியின் தொகுப்பில் உள்ளது. இமாம் கஸ்ஸாலி (1058–1111) தமது இஹ்யா நூலில், மனிதர் கையாளும் வழிவகைகளை உறுதியானவை, பெரும்பாலும் பலிப்பவை, வெறும் கற்பனையானவை என்று மூன்றாகப் பிரிக்கிறார். முதலிரண்டையும் கைக்கொள்வதால் தவக்குல் கெடாது. மூன்றாவதைப் பிடித்துத் தொங்குவது அதற்கு முரண். வெளியே செல்பவர் வீட்டைப் பூட்டுவது முறையே. பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டு அக்கம்பக்கத்தாரையும் காவலுக்கு வைப்பது மிகை.

அதே நூலில் துறவி மாலிக் இப்னு தீனாரைப் பற்றிய ஒரு செய்தி வருகிறது. பரிசாகக் கிடைத்த தோல் நீர்ப்பையை, கொடுத்தவரே எடுத்துச் செல்லுமாறு அவர் கேட்டுக்கொண்டார். அதைத் திருடன் கொண்டுபோய்விட்டான் என்று ஷைத்தான் தம் உள்ளத்தில் ஓயாமல் ஓதுகிறான் என்பது அவர் சொன்ன காரணம். கஸ்ஸாலி எல்லோரையும் அந்த அளவுக்குப் போகச் சொல்லவில்லை. வீடு திரும்பியவர் பொருள் களவு போனதைக் காணும்போது அவர் உள்ளம் என்ன ஆகிறது என்பதையே அவர் தவக்குலின் சோதனையாக வைக்கிறார். நிலைகுலைந்து போனால், இருந்த நம்பிக்கை பொருளின்மேல் வைத்தது.

இந்த அளவுகோல் வாரண்டி வாங்கியவருக்கும் வாங்காதவருக்கும் பொதுவானது. வாங்காமல் விட்டு நாள்தோறும் அஞ்சுபவரை அது தவக்குல் உடையவராகக் கருதாது. அளவோடு வாங்கிவிட்டுக் கவலையை விட்டவரைக் குறை சொல்லாது. வாங்கியவருக்கு ஒரு கடமை மட்டும் கூடுதலாக உண்டு. கைதவறி நேர்ந்த சேதத்தைத் தயாரிப்புக் குறை என்று சொல்லி ஈடு கேட்பது, ஈரத்தை உள்ளே மறைத்து விற்ற தானிய வணிகரின் செயலையே வாங்குபவர் பக்கத்திலிருந்து செய்வதாகும். விற்றவர் குறையை மறைக்கக் கூடாது, வாங்கியவர் விபத்தை மறைக்கக் கூடாது. மத்ஹபுகள் எங்கே பிரிந்தாலும் இந்த இரண்டிலும் அவற்றுக்கிடையே வேறுபாடில்லை.