பழுதை அறிந்தவன் பொறுப்பு

தீமை நிகழ்ந்த பின்னர்தான் குற்றம் பிறக்கிறதா? அன்றி, அது நிகழக்கூடும் என்று அறிந்தும் வாளாவிருந்த கணத்திலேயே குற்றம் பிறந்துவிடுகிறதா? இவ்வினாவுக்கு விடை தேட அறநூல்களை மட்டும் புரட்ட வேண்டியதில்லை. சரவணையிலோ வேலணையிலோ தெருவோரத்துக் கராச் ஒன்றிலே, பழைய லொறியின் அடியில் மல்லாந்து கிடந்து வேலைசெய்யும் மெக்கானிக்கின் முன்னும் இதே வினா நிற்கிறது. அவர் கையில் இருப்பதோ உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிலுவை வடிவான உருக்குத் துண்டு. யூனிவர்சல் ஜொயின்ட் எனப்படும் மூட்டின் உயிர்நிலை அது. தேய்ந்த அச்சிறு துண்டை இன்று மாற்றுவதா, இன்னும் ஒரு மாதம் ஓடவிடுவதா என்பது வெறும் செலவுக் கணக்கு அன்று. அது ஓர் அறப்பிரச்சினை என்பதே நமது கருத்து.

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். லொறியின் இயந்திரமும் கியர்பெட்டியும் சட்டகத்தோடு பிணைக்கப்பட்டவை, அசையாதவை. பின்சில்லுகளின் அச்சோ வில்தகடுகளோடு சேர்ந்து பள்ளத்தில் தாழ்ந்தும் மேட்டில் எழுந்தும் ஓயாது ஆடுவது. நிலையாக நிற்கும் ஒன்றிலிருந்து ஆடிக்கொண்டிருக்கும் ஒன்றுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்ல வேண்டும். வளையாத தண்டொன்றை இரண்டுக்கும் இடையே இறுகப் பூட்டினால் முதற் பள்ளத்திலேயே முறிவு நிகழும். ஆதலால் தண்டின் இரு முனைகளிலும் எத்திசையும் மடங்கும் மூட்டு வேண்டியதாயிற்று. பதினாறாம் நூற்றாண்டின் இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இம்மூட்டு இன்றும் வழங்குகிறது. ஆங்கில விஞ்ஞானி ரொபேட் ஹூக் 1676இல் இதனை விளக்கி எழுதினார். மோட்டார் வண்டிகள் சங்கிலியையும் பற்சில்லையும் நம்பி ஓடிய காலத்தில், உறையிட்ட மூட்டு ஒன்றை வகுத்து 1903இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கக் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்ற கிளாரன்ஸ் ஸ்பைசர். நானூறு ஆண்டு மனித சிந்தனை அந்தச் சிறு துண்டிலே உறைந்திருக்கிறது எனின் மிகையன்று.

சிலுவையின் நான்கு முனைகளும் நான்கு கிண்ணங்களுள் பொருந்தும். ஒவ்வொரு கிண்ணத்தின் உட்சுவரிலும் ஊசிபோன்ற மெல்லிய உருக்கு உருளைகள் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். பாரமேற்றிய லொறியின் இழுவை முழுவதும் இவ்வூசிகளின் ஊடாகவே பின்சில்லுகளை அடைகிறது. அவற்றைக் காப்பது கிறீஸ். கிறீஸ் வற்றினால், அல்லது அதனைக் காக்கும் வளையம் கிழிந்தால், நீர் புகும், துருப் பிடிக்கும், உருள வேண்டிய ஊசிகள் ஒரே இடத்தை அழுத்தி உருக்கிலே வரிவரியாகப் பள்ளம் பதிக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே கடல்நீருக்கு நடுவே ஓடி மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் கடந்து நம் ஊர்களுக்கு வரும் லொறிக்கு இத்துரு விரைவில் வாய்க்கிறது. ஆண்டு முழுவதும் உப்புக்காற்று வீசும் தீவகத்தில் இரும்பின் ஆயுள் குறைவு என்பதை வீட்டுக் கிணற்றின் கப்பியே நமக்குச் சொல்லும்.

ஆயினும் இம்மூட்டு முன்னறிவிப்பு இன்றிக் கெடுவதில்லை. கியரைப் போட்டுக் கிளட்சை விடும் கணத்தில் அடியில் ஒரு தட்டல் கேட்கும். மெல்ல ஓடுகையில் கிரீச்சொலி எழும். வேகம் கூடினால் ஆசனம் அதிரும். கிண்ணத்தின் ஓரத்தில் செந்துருப் பொடி படியும். தண்டைக் கையாற் பற்றித் திருகிப் பார்த்தால் தளர்வு தெரியும். இவ்வளவும் கேளாமல் விடப்பட்டால் ஒருநாள் மூட்டு முறியும். முறிவது முன்மூட்டாயின், சுழன்றுகொண்டிருக்கும் தண்டின் முன்முனை தெருவில் வீழ்ந்து குத்தும். பிரேக் குழாயையும் எரிபொருள் தாங்கியையும் அறையக்கூடும். கைப்பிரேக் கியர்பெட்டியின் பின்புறம் அமைந்த பழைய வண்டிகளில் அதுவும் பயனற்றுப் போகும். மூட்டைகளின்மேல் அமர்ந்து வரும் சுமைத்தொழிலாளிக்கோ, எதிரே சைக்கிளில் வரும் மாணவிக்கோ அடியில் ஒலித்த தட்டலின் பொருள் தெரியாது. அதை அறிந்தவர் வேறு. அதனால் அழிபவர் வேறு. அறப்பிரச்சினை தோன்றும் இடம் இதுவே.

"இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே" என்பது உலக வழக்கிலே வலிமை மிக்க வாதம். இதனை நேருக்கு நேர் எதிர்த்தவர் ஆங்கிலக் கணித அறிஞர் வில்லியம் கிளிஃபர்ட். 1877இல் வெளிவந்த கட்டுரையொன்றில் அவர் ஒரு கப்பல் உடைமையாளரைக் கற்பனை செய்தார். கப்பலோ பழையது, பழுது பார்க்கப்பட வேண்டியது. ஐயம் உள்ளத்தை அரித்தது. எத்தனையோ புயல்களைத் தாண்டிய கப்பல் இம்முறையும் தாண்டும் என்று தமக்குத் தாமே சொல்லி, ஐயத்தை அடக்கி, குடும்பம் குடும்பமாக நாடுபெயர்வோரை ஏற்றி அனுப்பினார். கப்பல் நடுக்கடலில் மூழ்கியது. அவர் காப்புறுதிப் பணத்தைப் பெற்றுக்கொண்டார். அவர் குற்றவாளி என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. கிளிஃபர்ட் அதற்கு மேலும் ஒருபடி சென்றார்: கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் அணுவளவும் குறையாது, அவர் அகப்படவில்லை, அவ்வளவே. 1870இல் சிசிலித் தீவின் அருகே கப்பல் உடைந்து உயிர் தப்பியவர் கிளிஃபர்ட் என்பதை நினைத்தால், இது ஏட்டுச் சிந்தனை மட்டும் அன்று என்பது புலனாகும்.

அது அக்காலச் சமூகத்தின் வழக்கும் ஆகும். ஓட்டைக் கப்பல்களை அளவுக்கு மீறிப் பாரமேற்றிக் காப்புறுதி செய்து கடலுக்கு அனுப்பினர் முதலாளிகள் சிலர். ஏற மறுத்த மாலுமிகள் ஒப்பந்தத்தை மீறினர் என்று சிறையிடப்பட்டனர். சாமுவேல் பிளிம்சோல் பாராளுமன்றத்திலே போராடியதன் பயனாக 1876இல் கப்பலின் பக்கத்தில் பார எல்லைக்கோடு வரைதல் கட்டாயமாயிற்று. எனினும் அக்கோட்டை எங்கே வரைவது என்று தீர்மானிக்கும் உரிமை மேலும் பல ஆண்டுகள் உடைமையாளரிடமே இருந்தது. அபாயத்தின் அளவை, அபாயத்துக்கு உள்ளாகாதவனே குறித்தான்!

நம் மரபிலும் இதற்கு அண்மித்த கதை உண்டு. வகுப்பறைகளில் நாம் கற்பிக்கும் மனுநீதிச் சோழன் கதை ஒரு வாகன விபத்தின் கதையே. சேக்கிழார் அதனைத் திருவாரூரில் வைத்துப் பாடினார். மகாவம்சம் அநுராதபுரத்து எல்லாளன்மேல் ஏற்றிச் சொல்கிறது. இளவரசன் தேர்க்காலில் கன்று மாண்டது. பசு மணியை அசைத்தது. மைந்தனுக்கும் அதே முடிவு விதிக்கப்பட்டது. நீதியின் உயர்வைக் காட்டும் கதைதான். ஆயினும் ஒன்றைக் கேட்டுப்பார்ப்போம். கன்று ஒரு முழம் விலகி ஓடியிருந்தால்? தேர் அதே வேகத்தில் சென்றிருக்கும், செலுத்தியவனும் அவனே, மணி மட்டும் ஒலித்திராது. அமெரிக்க மெய்யியலாளர் தோமஸ் நேகல் 1976இல் ஒரு லொறிச் சாரதியை எடுத்துக்காட்டி இதே முடிச்சை அவிழ்க்க முயன்றார். பிரேக்கைச் சோதிக்காது விட்ட சாரதியின் முன்னே ஒரு குழந்தை ஓடிவந்தால் அவன் வாழ்நாள் முழுதும் தன்னைப் பழிப்பான். குழந்தை வராவிடின் அவனது கவனக்குறைவை அவனும் மறப்பான், ஊரும் மறக்கும். செய்த பிழை இரண்டிலும் ஒன்றே, வேறுபடுத்தியது தற்செயல். தற்செயலின் கையில் அறத்தை ஒப்படைக்கலாமா?

ஒப்படைக்கலாகாது என்பதற்கு எல்லாளன் கதையிலேயே ஒரு குறிப்புக் கிடைக்கிறது. ஒருமுறை அவனது தேர்நுகத்தின் முனை மோதித் தூபியொன்றின் கற்கள் பதினைந்து பெயர்ந்தன. அறியாது நேர்ந்த சேதம் எனினும் அவன் தேரினின்று இறங்கித் தன் தலையை ஈடாகத் தர முன்வந்தான். அமைச்சர் வேண்டியதோ தலையை அன்று, தூபியைச் செப்பனிடுதலை. அவனும் பதினையாயிரம் கஹாபணத்தை அதன் பொருட்டுச் செலவிட்டான் என்கிறது மகாவம்சம். குற்றத்துக்குச் சரியான மறுமொழி தண்டனை அன்று, பழுதுபார்த்தல் என்னும் எண்ணம் அங்கே தொனிக்கிறது. அப்பழுதுபார்த்தல் சேதத்துக்கு முன்னரே நிகழுமாயின் அதுவே முழு அறம்.

அந்த வேலையின் தன்மையை நோக்குவோம். முதலில் சில்லுகளுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். தண்டைக் கழற்றியபின் கியரில் நிறுத்திய லொறியும் உருண்டுவிடும். அடுத்து இணைப்புகளில் அடையாளமிட வேண்டும். கோணத்தில் சுழலும் ஒற்றை மூட்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடியும் இருமுறை குறைந்தும் சுழற்சியைக் கொடுக்கும்; மறுமுனை மூட்டு அதே ஏற்றத்தாழ்வை எதிராக உண்டாக்கி ஈடுசெய்யும். அடையாளம் தவறிப் பூட்டினால் அந்த ஒத்துழைப்புக் கெட்டு, புதிய மூட்டும் அதிர்ந்து அழியும். பின்னர்ப் பூட்டு வளையங்களை அகற்றி, பழைய கிண்ணங்களை வைஸில் வைத்து நெருக்கி வெளியேற்றி, புதிய சிலுவையைப் பொருத்த வேண்டும். பொருத்தும்போது ஓர் ஊசி சரிந்து குறுக்கே கிடந்தாலும் கிண்ணம் முழுதாக அமராது. சுத்தியலால் ஓங்கி அடித்து அமர்த்திவிடலாம், எவரும் காணமாட்டார். காணமாட்டார் என்பதற்காகவே மீண்டும் கழற்றி ஊசியை நிமிர்த்துகின்ற மெக்கானிக், கல்லூரிகளில் அறம் போதிக்கும் நம்மினும் தாழ்ந்தவர் அல்லர். அவரது நேர்மைக்குச் சாட்சியும் இல்லை, புகழும் இல்லை. விபத்து நிகழாமையே அவரது சாதனை. நிகழாத ஒன்றுக்கு யார் நன்றி கூறுவர்?

இனி ஓர் எதிர்வாதத்தைச் செவிமடுத்தே ஆகவேண்டும். "உதிரிப்பாகம் இல்லாதபோது, அல்லது வாங்கப் பணம் இல்லாதபோது, அறம் பேசி என்ன பயன்?" என்பர். இது புறக்கணிக்கத்தக்க வாதம் அன்று. 1990 தொடக்கம் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்ட ஆண்டுகளிலே, சிறிதளவு பெற்றோலை விட்டு இயந்திரத்தைத் தொடக்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்களை நாடறியும். அந்நாட்களில் புதிய மூட்டுக்கு எங்கே போவது? 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியிலே. இடையில் 2022இல் ஏறத்தாழ இருநூறு ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களுள் முந்நூற்று அறுபதைத் தொட்டது. பழைய லொறி ஓடினாலன்றி அரிசி வராது, கோடையில் குடிநீர்த் தாங்கி வராது, சீமெந்து வராது. நிறுத்தினால் பசி, ஓட்டினால் அபாயம் என்னும் இக்கட்டு தீவக மக்களுக்குப் புதியதன்று.

இங்கேதான் முடியாமையையும் மனமின்மையையும் பிரித்தறிய வேண்டும். பாகம் கிடைக்காத காலத்தில் லொறியை ஓட்டியவன் குற்றவாளி அல்லன். ஆனால் அவனுக்குக் கடமை இல்லாமற் போகவில்லை. பாரத்தைக் குறைக்கலாம், வேகத்தைக் குறைக்கலாம், ஆட்களை மேலே ஏற்றாது விடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, உடன்வருவோரிடம் உண்மையைச் சொல்லலாம். நீக்க முடியாத அபாயத்தை மறைக்காதிருத்தல், அதனைத் தெரிந்தோர் யாவரும் கூடிச் சுமத்தல், நீக்கும் வழி திறந்தவுடன் நீக்குதல் என்னும் மூன்றும் வறுமையிலும் செய்யத்தக்கவை. பாகம் கடையில் இருக்க, பணமும் கையில் இருக்க, "அடுத்த மாதம் பார்ப்போம்" என்பவனுக்கு அந்நாட்களின் பஞ்சத்தைச் சாட்டாகக் கொள்ள உரிமையில்லை.

பொறுப்பும் எல்லோர்க்கும் சமமன்று. தட்டலை முதலிற் கேட்பவன் சாரதி, உறுதிசெய்பவர் மெக்கானிக், தீர்மானிப்பவர் முதலாளி. விபத்தின் பின்னரோ பழி இதே வரிசையில் தலைகீழாக விழுகிறது. சாரதி மறியலில், மெக்கானிக்கின் பெயர் கெடுகிறது, முதலாளி காப்புறுதிப் படிவத்தை நிரப்புகிறார். தீர்மானிக்கும் அதிகாரம் எங்கே மிகுதியோ அங்கேதான் பொறுப்பும் மிகுதி என்பதே நீதி. உதிரிப்பாகத்தை ஆடம்பரப் பொருளோடு சேர்த்து எண்ணும் அரசும் அப்பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. பழுதான லொறியை எடுக்க மறுத்த சாரதியின் அன்றைய கூலி பறிபோகும் வரையில், அவனிடம் துணிவை எதிர்பார்ப்பது வன்மம்.

ஆகவே நாம் வேண்டுவன எளியவை. பழுதைச் சொன்னவன் கூலியை இழக்கலாகாது. மெக்கானிக் சொன்ன குறை, சொன்ன நாளோடு, முதலாளியின் கையொப்பத்தோடு எழுத்திற் பதியப்பட வேண்டும். பாரத்தின்மேல் பயணம் செய்வோருக்கு வண்டியின் நிலையைக் கேட்டறியும் உரிமை வேண்டும். சோழனின் அரண்மனை வாயிலில் கன்று மாண்ட பின்னரே மணி ஒலித்தது. நமது தெருக்களிலோ ஒவ்வொரு முறை கிளட்சை விடும்போதும் அது லொறியின் அடியில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. கேட்டவர்கள் பலர். பணப்பையின் கயிறு யார் கையிலுள்ளதோ, அவர் கேட்கும்படி அதனை உரக்கச் சொல்வது நம் அனைவரதும் வேலை.